நீ தள்ளு, நானே பண்ணிடுறேன்

உலகத்தில் வேலை செய்பவர்கள் உண்டு, செய்யாதவர்கள் உண்டு. இந்த இரண்டிலும் சேராத மூன்றாவது இனம் ஒன்று இருக்கிறது. அடுத்தவர் வேலை செய்வதைக் கண்கொண்டு பார்க்கப் பொறுக்காத இனம். நீங்கள் ஓர் ஆணியை எடுத்துச் சுவரில் வைத்தால் போதும், எங்கிருந்தோ ஒரு கை நீண்டு வந்து சுத்தியலைப் பிடுங்கும். "நீ தள்ளு, நானே பண்ணிடுறேன்." அதோடு விட்டாலும் பரவாயில்லை. அடித்து முடித்த பிறகு இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ஓர் ஆணி அடிக்கத் தெரிகிறதா என்று பெருமூச்சு வேறு வரும். தெரியாதுதான். எப்படித் தெரியும்? சுத்தியல் யார் கையில் இருக்கிறது?

இந்த இனம் சமையலறையில் உண்டு, அலுவலகத்தில் உண்டு, கணினிக்கு முன்னால் கூட்டம் கூட்டமாக உண்டு. ஆனால் முழு வளர்ச்சி அடைந்த ஒன்றைப் பார்க்க ஆசைப்பட்டால் பேருந்து நிலையத்துக்குத்தான் வர வேண்டும். டிக்கெட் கவுண்டருக்கும் கழிப்பறைக்கும் நடுவே ஒரு கம்பி ஜன்னல் தெரிகிறதா? அதுதான் தொலைந்த பொருள் அறை. பேருந்துகளில் ஜனங்கள் மறந்துவிட்டுப் போகிற சாமான்கள் எல்லாம் இங்கேதான் வந்து சேரும். ஜன்னலுக்குப் பின்னால், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, சாவியை இடுப்பில் தொங்கவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாரே, அவர்தான் பொறுப்பாளர்.

அவருக்குப் பின்னால் ஒரு மலை. குடைகள், டிபன் பாக்ஸ்கள், ஒற்றைச் செருப்புகள், ஒரு பல்செட், ஒரு முழு மரக்கதவு. கதவை மறந்துவிட்டு இறங்கியவர் வீட்டில் என்ன செய்துகொண்டிருக்கிறார் என்று எனக்கும்தான் யோசனை. எது எங்கே இருக்கிறது என்பது பொறுப்பாளர் ஒருவருக்கே வெளிச்சம். குடைகளை நிறப்படி அடுக்குவது சாதாரண மூளை. இவர் அடுக்கியிருந்தது மறந்தவர்களின் குணப்படி. அவசரக்காரர்கள் ஒரு மூலை, தூங்குமூஞ்சிகள் ஒரு மூலை, பெண்டாட்டியோடு சண்டை போட்டுக்கொண்டே இறங்கியவர்கள் ஒரு மூலை. ஒரு குடையைப் பார்த்த மாத்திரத்தில் சொந்தக்காரர் எந்த ரகம் என்று சொல்லிவிடுவார். சரியா தப்பா என்று யாரும் சோதித்ததில்லை.

சொந்தக்காரர்கள் வருவார்கள், வந்த வழியே போவார்கள். "உங்க குடையா? சரி. எத்தனை கம்பி?" உங்கள் குடையில் எத்தனை கம்பி? எழுந்து போய் எண்ணாமல் சொல்லுங்கள், பார்க்கலாம். இதுவரை ஒரு பொருளைக்கூடத் தப்பான ஆளிடம் கொடுத்ததில்லை என்பது அவருடைய பெருமை. கொடுத்தால்தானே! கண்டெடுத்துக் கொண்டுவந்து ஒப்படைக்கிறவர்களுக்கும் இதே உபசாரம்தான். எந்த சீட்டில் கிடந்தது, அந்த சீட்டில் நீங்கள் ஏன் உட்கார்ந்தீர்கள், உட்கார்ந்தவர் கீழே ஏன் பார்த்தீர்கள் என்று குடைந்து எடுப்பார். நல்லது செய்ய வந்தவர் திருடனைப் போல வியர்த்து வழிந்துகொண்டு வெளியேறுவார்.

இப்படிப்பட்டவரிடம்தான் ஒரு கோடையில் நகராட்சி இரண்டு பிள்ளைகளை அனுப்பியது. விடுமுறைப் பணித் திட்டம் என்று பெயர். பள்ளி முடித்த பிள்ளைகள் விடுமுறையில் வீட்டுக் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பதற்குப் பதில் நூலகத்திலும் பூங்காவிலும் மருத்துவமனையிலும் சின்னச் சம்பளத்துக்கு வேலை பார்ப்பார்கள். பிள்ளைகளுக்கு அனுபவம், ஊருக்குப் பலன். தொலைந்த பொருள் அறைக்கு வந்தவர்களில் ஒருத்தி கண்ணாடிக்காரி, வாயைத் திறந்தால் கேள்வி. இன்னொருவன் நெட்டையன், வாயையே திறக்க மாட்டான். பேர் என்ன என்று கேட்டால் தன் காலணியைப் பார்ப்பான்.

பேருந்துக் கழகத்தின் கிளை மேலாளர் நல்ல மனிதர். இருவரையும் அழைத்துவந்து விட்டுவிட்டு, "நல்லதாப் போச்சு சார். இதுங்க ரெண்டும் கத்துக்கிட்டா நீங்களும் ஒரு நாளாவது லீவு போட்டுட்டு வீட்ல இருக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பொறுப்பாளர் இடுப்புச் சாவியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். லீவா? காய்ச்சலில் உடம்பு கொதித்தபோதுகூட அவர் லீவு போட்டதில்லை. காரணம் கடமை உணர்ச்சி என்று ஊர் நினைத்தது. உண்மையான காரணம் பயம். அவர் இல்லாமல் அந்த ஜன்னல் ஒரே ஒரு நாள் திறந்து, ஒன்றும் குடிமுழுகாமல் சாயங்காலம் மூடிவிட்டால், அப்புறம் அவர் யார்? கண்ணாடியை நெற்றியில் ஏற்றிய ஒரு ஆள். அவ்வளவுதானே?

அதற்காகக் கற்றுக்கொடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாரா? இந்த இனம் அப்படிச் சொல்லவே சொல்லாது. வாரி வழங்கும். வேலை ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றையும் கற்றுக்கொடுக்கும். வேலை என்றால் என்ன, விசுவாசம் என்றால் என்ன, ஒரு பொறுப்பான மனிதன் நாற்காலியில் எப்படி உட்கார வேண்டும், சாவியை எப்படிப் பிடிக்க வேண்டும் (சாவியைத் தராமலே) என்று காலையில் ஆரம்பிக்கும் பிரசங்கம் கடைசிப் பேருந்தோடுதான் முடியும். கண்ணாடிக்காரி ஒரு குடையைத் தொட்டாள். "நீ தள்ளும்மா, கலைச்சிடுவே." நெட்டையன் துடைப்பத்தை எடுத்தான். "கொடு தம்பி, உனக்குச் சொல்லிக்கொடுக்கிற நேரத்துல நானே கூட்டிடுவேன்." கூட்டினார். அந்த அறையை யாரும் கூட்டி எத்தனையோ காலம் ஆகியிருந்தது. பிள்ளைகள் இருவரும் சுவரில் சாய்ந்துகொண்டு, ஒரு பெரிய மனிதர் இருமிக்கொண்டே கூட்டுவதை மரியாதையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வீட்டில் போய்ப் புலம்பல். இரண்டு தண்டங்களைத் தலையில் கட்டிவிட்டார்களாம், அவர்கள் வேலையையும் சேர்த்து இவரே பார்க்க வேண்டியிருக்கிறதாம். அவர்களுக்கு என்னங்க வேலை கொடுத்தீங்க என்று மனைவி கேட்டார். கொடுத்தால் கெடுத்துவிடுவார்களே என்றார் இவர். இதற்கு மேல் ஒரு குடும்பத்தலைவி என்ன பேச முடியும்? விளக்கை அணைத்துவிட்டார்.

ஒருநாள் கண்ணாடிக்காரி பொறுமை இழந்தாள்.

"சார், நாங்க இங்க எதுக்கு வர்றோம்?"

"பார்த்துக் கத்துக்கத்தான்."

"பார்த்துட்டோம் சார்."

அன்றைக்கு இரண்டு பிரசங்கம் கூடுதலாக நடந்தது. அந்தப் பிரசங்கங்களின் நடுவில்தான் ஒரு பெரியவர் வந்தார். பல்செட்டின் சொந்தக்காரர். அவர் வருவது புதிதல்ல, வாராவாரம் வருவார். ஜன்னலைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொல்வார், காற்றுதான் வரும். "தெளிவாப் பேசுங்க ஐயா, தெளிவாச் சொன்னாத்தான் கொடுக்க முடியும்" என்பார் பொறுப்பாளர். பெரியவர் பொக்கை வாயைக் காட்டுவார். "வாயைக் காட்டாதீங்க. விவரம் சொல்லுங்க." விவரம் பின்னால் ஒரு பெட்டிக்குள்ளே பல்லைக் காட்டிச் சிரித்துக்கொண்டிருக்கும். பெரியவர் திரும்பிப் போவார்.

பேசிப் பேசிப் பொறுப்பாளருக்குத் தொண்டை கட்டியது. கட்டியது என்றால் சாதாரணக் கட்டு இல்லை, குரல் அடியோடு போய்விட்டது. டாக்டர் விளக்கு அடித்துப் பார்த்துவிட்டு, ஒரு வாரம் ஒரு வார்த்தை பேசக்கூடாது, பேசினால் இருக்கிறதும் போய்விடும் என்றார். கூட வந்திருந்த மனைவி டாக்டருக்கு இரண்டு தடவை நன்றி சொன்னார்.

வீட்டில் இருந்தாரா? அறை என்னாவது! கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு மறுநாள் காலை ஆஜர். நாற்காலியில் உட்கார்ந்தார், கண்களை உருட்டினார். ஆனால் ஜன்னலுக்கு வருகிற ஜனங்களுக்குப் பதில் சொல்ல ஒரு வாய் வேண்டுமே. கண்ணாடிக்காரி அந்த இடத்தில் போய் நின்றாள். எந்த பஸ், எப்போ, என்ன நிறம் என்று மூன்று கேள்வி கேட்டாள். குடையை எடுத்துக் கொடுத்தாள். வந்தவர் நம்ப முடியாமல் குடையை விரித்துப் பார்த்துவிட்டு விரித்தபடியே போனார். பொறுப்பாளர் மேஜையில் ஓங்கி ஒரு அறை அறைந்தார். கொசு அடிக்கிறார் என்று நினைத்து நெட்டையன் மின்விசிறியைக் கூட்டி வைத்தான்.

அந்த வாரம் பெரியவரும் வந்தார், ஜன்னலில் காற்றை விட்டார். கண்ணாடிக்காரி பெட்டியைத் திறந்தாள். நெட்டையன் பல்செட்டை எடுத்துப்போய் வெந்நீர் வாங்கிக் கழுவிக்கொண்டு வந்து, அந்த அறையில் தன்னுடைய முதல் வாக்கியத்தைப் பேசினான்.

"தாத்தா, போட்டுப் பாருங்க."

டக்கென்று பொருந்தியது. பெரியவர் வாயை இரண்டு தடவை மூடித் திறந்தார். பிறகு இத்தனை நாள் சேர்த்து வைத்திருந்ததையெல்லாம் பொறுப்பாளரைப் பார்த்து எடுத்துவிட்டார்.

"ஏன்யா, என் பல்லை நீ வச்சுக்கிட்டு என்னைத் தெளிவாப் பேசுங்கிறியே, இது உனக்கே நியாயமா இருக்கா?"

ஒவ்வோர் எழுத்தும் கணீரென்று விழுந்தது. பொறுப்பாளரிடம் பதில் இல்லாமல் இல்லை. மூட்டை மூட்டையாக இருந்தது. தொண்டைதான் இல்லை. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நின்றவர்கள் இத்தனை காலமும் எப்படித் தவித்திருப்பார்கள் என்று ஒரு நொடி அவருக்கு உறைத்தது. உறைத்தது பொறுக்கவில்லை. எழுந்து போய்க் குழாயில் முகம் கழுவிக்கொண்டார்.

அப்புறம் பிள்ளைகளைப் பிடிக்க முடியவில்லை. நடைமேடை நெடுகக் கம்பி கட்டிக் குடைகளைத் தொங்கவிட்டார்கள். மரக்கதவைப் பேருந்து நிற்கும் இடத்தில் சாய்த்து வைத்தார்கள். ஒரு அம்மாள் வந்து அதைக் கட்டிக்கொண்டு அழுதார். ஓட்டுநர் தானே இறங்கிக் கதவை ஏற்றிக்கொண்டு போனார். மலை கரைந்தது. கரைந்த இடத்தில் பின்சுவரில் ஒரு ஜன்னல் இருப்பது தெரிந்து, எல்லோருக்கும் ஆச்சரியம். வெளிச்சம் உள்ளே வந்து காலி அறையில் உட்கார்ந்தது. பொறுப்பாளர் அதன் எதிரே உட்கார்ந்திருந்தார். இனி இந்த அறை எதற்கு, இந்த ஆள் எதற்கு என்று மேலாளர் கேட்கப்போகிறார் என்று காத்திருந்தார்.

மேலாளர் வரவில்லை. ஜனங்கள் வந்தார்கள். வாங்கிப் போக இல்லை, கொடுத்துவிட்டுப் போக. இவருடைய விசாரணைக்குப் பயந்து, பஸ்ஸில் கண்டெடுத்ததைப் பரணில் போட்டு வைத்திருந்தவர்கள் ஊரில் பாதிப் பேர் போலிருக்கிறது. இப்போது குடையாமல் வாங்கிக்கொள்கிறார்களாம் என்று செய்தி பரவியது. பைகள், சுவர்க்கடிகாரம், தைத்து முடிக்காத சட்டை, யாரோ ஒருவருடைய கல்லூரிப் பட்டம். வரிசை கழிப்பறையைத் தாண்டிப் போனது. நெட்டையன் ஒரு ஸ்டூல் மேல் ஏறி, "வரிசையில வாங்க, எல்லார்கிட்டயும் வாங்கிக்கிறோம்" என்று குரல் கொடுத்தான். மதியச் சாப்பாடு கொண்டுவந்த அவன் அம்மா, இது யார் பெற்ற பிள்ளை என்று நின்று பார்த்தார். வந்த சாமான்களை அறைக்குள் பேருந்துத் தடப்படி அடுக்கினார்கள், குடைகளை நெட்டையன் உயரத்தில் மாட்டினான். அந்த நாற்காலியில் யார் உட்கார்ந்தாலும் எடுத்துக் கொடுத்துவிடலாம். அந்த 'யார் உட்கார்ந்தாலும்' தான் பொறுப்பாளரின் தூக்கத்தைக் கெடுத்தது.

விடுமுறை முடிந்தது. பிள்ளைகள் விடைபெற்றுக்கொண்டு போனார்கள். குரல் திரும்பி வந்துவிட்டது, ராஜ்ஜியமும் திரும்பி வந்துவிட்டது. மறுநாள் காலை பொறுப்பாளர் உற்சாகமாக ஜன்னலைத் திறந்தார். எதிரே நீள வரிசை. உயரத்தில் தொங்கிய குடையை எடுக்கக் கையை நீட்டினார், எட்டவில்லை. "நீ தள்ளு" என்று பழக்கதோஷத்தில் சொன்னார். தள்ளுவதற்கு அங்கே யாருமில்லை. பிள்ளைகள் சாய்ந்து நின்ற சுவர் மட்டும் கொஞ்சம் வழவழப்பாக இருந்தது. வெட்கத்தை விட்டுச் சொன்னால், அந்தச் சுவரைப் பார்த்ததும் அவருக்கு அழுகை வந்தது.

மத்தியானம் மேலாளர் வந்தார். பிள்ளைகளால் உபயோகம் உண்டா, அடுத்த விடுமுறைக்கும் கேட்கலாமா, வேண்டாமென்றால் இந்த இரண்டு இடத்தையும் பூங்காவுக்குக் கொடுத்துவிடலாம் என்றார். வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டார்கள். பொறுப்பாளர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு வாயைத் திறந்தார்.

"ஒண்ணும் தெரியாத பசங்க சார். எல்லாத்தையும் நான்தான் இழுத்துப் போட்டுக்கிட்டுப் பண்ணேன்." எட்டாத குடையை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார். "ரெண்டு பத்தாது. நாலா அனுப்புங்க."

அவ்வளவுதான். இந்த இனத்திடமிருந்து இதற்கு மேல் ஒரு நன்றியைக் கறந்தவர் கிடையாது.

நீங்கள் சிரிக்கிறீர்கள். நல்லது. போன வாரம் உங்கள் மகன் முதன்முதலாக வெங்காயம் நறுக்க உட்கார்ந்தபோது கத்தியைப் பிடுங்கியது யார் என்று நான் கேட்கப்போவதில்லை. அலுவலகத்துக்குப் புதிதாக வந்த பெண்ணை எழுப்பிவிட்டு அவள் நாற்காலியில் உட்கார்ந்து தட்டச்சு செய்தது யார் என்றும் கேட்க மாட்டேன். ஒரே ஒரு சோதனை. வீட்டில் சின்னவர் யாராவது இதை உரக்க வாசிக்கிறேன் என்று கேட்டால், கொடுத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருங்கள். இரண்டு மூன்று இடத்தில் தடுக்கும். தடுக்கட்டும். கடைசி வரி வரைக்கும் உங்களால் வாயை மூடிக்கொண்டிருக்க முடிந்தால் நீங்கள் அந்த இனம் இல்லை. எனக்கென்னவோ நம்பிக்கையில்லை. இப்போதே உங்கள் உதடு அசைகிறது.