திரும்பி வருவதற்கு ஆதாரம்

மஞ்சணத்தி நாட்டை எந்த வரைபடத்திலும் தேட வேண்டாம், கிடைக்காது. வெயில் மட்டும் அளவில்லாமல் விளைகிற நாடு அது. அங்கே முறைப்படி தேர்தல் நடக்கும். முறைப்படி விஜயகீர்த்தி மகாராஜாவே ஜெயிப்பார். அவரை எதிர்த்து நிற்க நினைப்பவர்கள் மீது வழக்கு இருக்கும். வழக்கு உள்ளவர்கள் நிற்கக் கூடாது என்று சட்டமும் இருக்கும். ஆகவே போட்டி என்ற வீண் சச்சரவுக்கு இடமில்லை. மகாராஜா மீதும் ஒரு காலத்தில் வழக்குகள் இருந்தன. அவர் பட்டமேற்ற அன்று சாயங்காலமே அவையெல்லாம் வெட்கப்பட்டுக்கொண்டு வாபஸ் ஆகிவிட்டன.

அந்த நாட்டின் துறைமுகப் பட்டினத்தில், மீன் சந்தையை ஒட்டி, தவசிக்கனியும் அவர் மனைவி தங்கபுஷ்பமும் ஐஸ் கடை வைத்திருந்தார்கள். தின்கிற ஐஸ் அல்ல, மீன் பெட்டியில் போடுகிற ஐஸ். ஐஸ் பேக்டரியிலிருந்து வரும் பாளங்களைக் கட்டையால் அடித்து உடைத்து, கூடை கூடையாக மீன்காரர்களுக்கு விற்பார்கள். கல்யாணமான நாளிலிருந்து இதே பிழைப்பு. பிள்ளைகளைக் கரையேற்றி முடித்து, அப்பாடா என்று உட்கார்ந்த ஒரு நாள், பனிநாட்டில் வானத்திலிருந்து பனி கொட்டுவதைத் தங்கபுஷ்பம் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டார். அதன்பின் அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை.

"ஏங்க, நாம காசு குடுத்து வாங்கி, கை மரத்துப்போக உடைக்கோம். அங்க என்னடான்னா சும்மா கொட்டுது. அதுவும் பாளமா இல்ல, உடைச்ச ஐஸாவே கொட்டுது. ஒரே ஒரு தடவை தலையில விழ விட்டுட்டு ஓடி வந்துருவோம்ங்க."

தவசிக்கனி கட்டையைக் கீழே வைத்தார். "போவோம்ட்டி. ஐஸை வச்சுத்தான் சோறு திங்கோம். அதோட சொந்த ஊரை ஒரு எட்டு பாக்க வேண்டாமா?"

அவ்வளவுதான், தெருவே துள்ளிக் குதித்தது. யார் யாரோ கம்பளிச் சட்டை கொண்டுவந்து கொடுத்தார்கள். ஒருவர் குரங்குக் குல்லாய் தந்தார். இன்னொரு வீட்டார் வெந்நீர் பிளாஸ்க்கைக் கொடுத்து, வரும்போது அதில் கொஞ்சம் பனி பிடித்து வரச் சொன்னார்கள். பக்கத்து வீட்டு எண்ணெய்க் கடை பால்துரை, குளிருக்குப் பழக வேண்டும் என்று சொல்லி இருவரையும் ஐஸ் பேக்டரியின் குளிர் அறைக்குள் நிற்கவைத்து, கதவுக்கு வெளியே காவல் நின்றார். அரை மணி நேரம் கழித்து வெளியே வந்த தங்கபுஷ்பத்துக்குப் பல் தந்தியடித்தது, ஆனாலும் சிரிப்பு அடங்கவில்லை.

ஆனால் பனிநாட்டுக்குச் சுற்றிப்பார்க்கப் போக விசா வேண்டும். தலைநகரில் பனிநாட்டார் ஓர் அலுவலகம் வைத்திருந்தார்கள். அங்கே கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் ஓர் அதிகாரி உட்கார்ந்திருப்பார். நம் மொழியைப் புத்தகத்தில் படித்துக் கற்றவர். அவர் பேசினால் முற்றுப்புள்ளி கூடக் காதில் விழும்.

"புகைப்படத்தில் தாங்கள் சிரிக்கிறீர்கள், அம்மா. முகம் இயல்பாக இருக்க வேண்டும்."

"எனக்கு இதான் சார் இயல்பு. ஒரு வாரமா இப்படித்தான் இருக்கேன்."

அதிகாரி அதை மன்னித்து, அடுத்த கேள்விக்குப் போனார். அந்தக் கேள்வியில்தான் மஞ்சணத்தி நாட்டின் பாதி ஜனம் தடுக்கி விழுந்திருந்தது.

"தாங்கள் எங்கள் நாட்டிலேயே தங்கிவிடாமல் திரும்பி வருவீர்கள் என்பதற்கு என்ன ஆதாரம்?"

"வீடு இருக்கு. கடை இருக்கு. பிள்ளைங்க இருக்காங்க," என்றார் தவசிக்கனி.

"வீட்டை விற்கலாம். கடையை மூடலாம். பிள்ளைகளை அங்கே வரவழைத்துக்கொள்ளலாம். வருந்துகிறேன்."

கட்டிய கட்டணம் திரும்பி வராது. திரும்பி வருவதற்கு யாரும் ஆதாரம் கேட்காத பொருள் அது ஒன்றுதான்.

இப்படி மறுக்கப்பட்டவர்களின் கூட்டம் பெருகவே, அரசு விழித்துக்கொண்டது. அந்த நாட்டில் வழியனுப்பு மந்திரி என்று ஒருவர் உண்டு. குணபூஷணர் என்று பெயர். அவர் மார்பில் கைவைத்து முழங்கினார்:

"நம் குடிமகனைப் பார்த்து அந்நியன் ஒருவன் 'வேண்டாம்' என்று சொல்வதை இந்த அரசு ஒருநாளும் பொறுக்காது. ஆகவே இன்று முதல் நாமே முந்திக்கொண்டு வேண்டாம் என்று சொல்வோம். அவமானம் உள்நாட்டிலேயே தயாராகும்."

மறுநாளே முன்மறுப்பு அலுவலகம் திறக்கப்பட்டது. பனிநாட்டு ஜன்னலுக்குப் போகுமுன் இங்கே வந்து வரிசையில் நின்று, நாட்டுப் பண் பாடி, ஒருமுறை முறையாக மறுக்கப்பட வேண்டும். பிறகு அந்த மறுப்பை எதிர்த்து மேல்முறையீடு செய்து, அதில் ஜெயித்தால்தான் அந்நியனிடம் போகலாம். பெரும்பாலோர் முதல் வரிசையிலேயே சோர்ந்து வீட்டுக்குப் போனார்கள். அந்த ஆண்டு பனிநாடு மறுத்தவர்களின் தொகை பாதியாகக் குறைந்தது. நாட்டின் மதிப்பு உயர்ந்துவிட்டதென்று மந்திரி வாணவேடிக்கை விட்டார்.

தங்கபுஷ்பம் சோர்கிற ஆளா? மறுப்பும் வாங்கினார், மேல்முறையீட்டில் ஜெயிக்கவும் செய்தார். ஆனால் ஆதாரத்துக்கு எங்கே போவது?

அப்போதுதான் மேலத்தெருவில் ஒருவருக்கு விசா கிடைத்த செய்தி வந்தது. எப்படி என்று ஊரே போய்க் கேட்டது. அவருக்கும் அவருடைய சித்தப்பாவுக்கும் ஒரு தென்னை மரத்தைப் பற்றி வழக்கு. அப்பா காலத்திலிருந்து நடக்கிறது. ஜன்னலில் ஆதாரம் கேட்டதும் மனிதர் அந்த வழக்கைச் சொல்ல ஆரம்பித்து, கண் சிவக்க, "தீர்ப்பைக் கேக்காம நான் செத்தாலும் என் கட்டை வேகாது சார்" என்று முடித்தாராம். அதிகாரி மறுபேச்சில்லாமல் முத்திரை குத்திவிட்டார். மஞ்சணத்திக்காரன் வீட்டை விடுவான், வாசலை விடுவான், வழக்கை மட்டும் விடமாட்டான் என்பது பனிநாட்டாருக்கு அன்றைக்குத்தான் புரிந்தது.

அன்று மத்தியானமே தவசிக்கனியும் தங்கபுஷ்பமும் ஒரு தட்டில் பழமும் வெற்றிலையுமாகப் பால்துரை வீட்டுக்குப் போனார்கள்.

"அண்ணாச்சி, தப்பா எடுத்துக்கிடாதீங்க. உங்க மேல ஒரு கேஸ் போடலாமான்னு கேக்க வந்தோம்."

"அதுக்கென்ன, தாராளமா போடுங்க," என்றார் பால்துரை. "என்னான்னு போடப் போறீங்க?"

"சுவர்த் தகராறுன்னு வக்கீல் சொல்லுதாரு."

"நம்ம ரெண்டு வீட்டுக்கும் நடுவுல சுவரே கிடையாதே, தவசி."

"அதான் அண்ணாச்சி. முதல்ல ஒண்ணு கட்டணும்."

இரண்டு குடும்பமும் சேர்ந்து கட்டியது. பால்துரையின் மனைவி ஜெயக்கனி கொத்தனாருக்குக் காப்பி போட்டுக் கொடுத்தார். வக்கீல் சொன்னபடி சுவர் தவசிக்கனியின் பக்கம் அரையடி தள்ளி எழுந்தது. வழக்கும் பதிவாயிற்று. அந்த மாதத்தில் மட்டும் பட்டினத்தில் எழும்பிய சுவர்களுக்குச் செங்கல் போதாமல் வெளியூரிலிருந்து வண்டி வண்டியாக இறக்கினார்கள். வழக்கில்லாத வீட்டைப் பார்த்து, வெளியே போக வக்கில்லாதவர்கள் என்று ஊர் இளக்காரம் பேசியது.

விளையாட்டாகத்தான் ஆரம்பித்தார்கள். ஆனால் கோர்ட்டில் வக்கீல்கள் விளையாடுவதில்லை. தவசிக்கனியின் வக்கீல் பால்துரையைப் பார்த்து நில அபகரிப்பாளர் என்றார். பால்துரையின் வக்கீல் தங்கபுஷ்பத்தின் பிறந்த வீடு வரை போனார். எழுதிக் கொடுத்ததைத்தான் வாசிக்கிறார்கள் என்று நால்வருக்கும் தெரியும். தெரிந்தும் வலித்தது. ஜெயக்கனி குழம்புக் கிண்ணம் கொடுத்தனுப்புவதை நிறுத்தினார். வழியில் எதிர்ப்பட்டால் பால்துரை வானத்தைப் பார்த்தார். பனியைப் பார்க்க ஆசைப்பட்டதற்கு இப்படி ஒரு விலையா என்று தங்கபுஷ்பம் அந்தச் சுவரடியில் உட்கார்ந்து அழுதார். இருந்தாலும் விசா கைக்கெட்டும் தூரத்துக்கு வந்துவிட்டது. அந்த நினைப்பே அவரை எழுப்பி நடமாட வைத்தது.

அந்த நேரம் பார்த்து மந்திரி மறுபடியும் மார்பில் கைவைத்தார்.

"நாட்டில் வழக்குகள் பெருகிவிட்டன. வழக்கை நிலுவையில் வைத்துவிட்டு வெளிநாடு செல்வது நீதியை அவமதிப்பதாகும். ஆகவே வழக்கு உள்ள எவரும் எல்லை தாண்டக் கூடாது."

வழக்கு இருந்தால் இந்த அரசு விடாது. இல்லாவிட்டால் அந்த அரசு விடாது. சிலர் இதைச் சுட்டிக்காட்டியபோது மந்திரி, இரு நாடுகளும் இவ்வளவு ஒற்றுமையாகச் செயல்படுவது இதுவே முதல் முறை என்று பெருமைப்பட்டார். வழக்கை வாபஸ் வாங்கலாம் என்று ஓடியவர்களிடம், வாபஸ் மனு பேரனின் காலத்தில் விசாரணைக்கு வரும் என்று கோர்ட்டில் சொன்னார்கள்.

மக்கள் முணுமுணுக்கவே, மகாராஜா பெரிய மனது பண்ணினார். "நான் போனால் நீங்கள் அனைவரும் போனது போல. உங்கள் சார்பில் நானே பனியைப் பார்த்து வருகிறேன்." வீதிதோறும் அவர் பனியில் நிற்பது போன்ற விளம்பரத் தட்டிகள் எழுந்தன. தனி விமானத்தில் பெட்டி பெட்டியாக ஏற்றினார்கள். குளிருக்குக் கம்பளி என்றார் மந்திரி. கம்பளிப் பெட்டியை எட்டு பேர் சேர்ந்து தூக்கமுடியாமல் தூக்கியதை ஊர் பார்த்துக்கொண்டு நின்றது. மகாராஜா எந்த ஜன்னலிலும் நிற்கவில்லை. திரும்பி வருவதற்கு ஆதாரம் காட்டும்படி அவரை யாரும் கேட்கவில்லை.

அவர் திரும்பி வரவில்லை.

முதல் வாரம், பனியை இன்னும் முழுமையாகப் பார்த்து முடிக்கவில்லை என்றார்கள். அடுத்த வாரம் மந்திரி குணபூஷணர் அவரை அழைத்து வரப் புறப்பட்டார், குடும்பத்தோடு. அதற்கடுத்த வாரம் கஜானா அறையைத் திறந்து பார்த்தபோது உள்ளே காற்று மட்டும் தாராளமாக இருந்தது. முன்மறுப்பு அலுவலகத்தில் மறுப்பதற்கு ஆளில்லை. சம்பளம் வராததால் எல்லையில் தடுப்பதற்குக் காவலரும் இல்லை.

செய்தி வந்த காலையில் தவசிக்கனி முற்றத்துக்கு ஓடிவந்தார். அந்தப் பக்கம் பால்துரையும் ஓடிவந்திருந்தார். இவ்வளவு பெரிய செய்தியை வைத்துக்கொண்டு வானத்தைப் பார்த்து நிற்க இருவராலும் முடியவில்லை.

"கேள்விப்பட்டீரா?" என்றார் பால்துரை.

"கேட்டேன் அண்ணாச்சி, கேட்டேன். சுவரு மறைக்கி, முகத்தைக் காட்டுங்க."

பேச்சுக்கு இடைஞ்சலாக இருந்ததால் மேல்வரிசைச் செங்கல்லை இருவரும் எடுத்துக் கீழே வைத்தார்கள். பேசப் பேச இன்னொரு வரிசை இறங்கியது. பெண்கள் இருவரும் வந்து சேர்ந்துகொண்டார்கள். மத்தியானச் சாப்பாட்டுக்குள் சுவர் இல்லை. செங்கல்லை என்ன செய்வது என்பது மட்டும்தான் இரண்டு வீட்டுக்கும் மிச்சமிருந்த பிரச்சினை. அதைப் பேசித் தீர்த்துக்கொண்டார்கள்.

மறுநாள் தவசிக்கனியும் தங்கபுஷ்பமும் கம்பளிச் சட்டையைக் கையிலேயே எடுத்துக்கொண்டு கண்ணாடி ஜன்னல் முன்னால் போய் நின்றார்கள். அதிகாரியின் முகம் முன்னைவிட இறுகியிருந்தது.

"இப்போது விதிகள் கடுமையாகிவிட்டன. உங்கள் நாட்டிலிருந்து வந்தவர் ஒருவர் திரும்பிச் செல்லவில்லை. ஆகவே உங்களில் எவரையும் எங்களால் நம்ப முடியவில்லை."

"வந்தவரு எங்க ராஜா," என்றார் தவசிக்கனி. "அவரு செஞ்சதுக்கு நாங்களா சார் பதில் சொல்லணும்?"

"வழக்கு ஏதேனும் உண்டா?"

"இருந்துச்சு. சுவரே நேத்து விழுந்துருச்சு, இனி எதுக்கு சார் கேஸு?"

அதிகாரி பேனாவை எடுத்தார். மறுப்பு எழுதும் பேனா எது என்று இதற்குள் தங்கபுஷ்பத்துக்கு அத்துப்படி. இத்தனை நாள் ஆசை இந்த ஒரு கையெழுத்தோடு முடிந்துவிடும் என்று தெரிந்ததும் அவர் கணவரை விலக்கிவிட்டு முன்னால் வந்தார்.

"சார், ஒரு விவரம் மட்டும் சொல்லுங்க. எங்க ராஜா இனிமே உங்க ஊர்லதான் இருப்பாரா?"

"ஆம். பனி மலையடியில் மாளிகை வாங்கியிருக்கிறார்."

"மந்திரியும்?"

"பக்கத்து மாளிகை."

"நல்லா விசாரிச்சுத்தான் சொல்லுதீங்களா? மனசு மாறி இங்க வந்துர மாட்டாங்களே?"

"வர மாட்டார்கள். நிரந்தரமாகத் தங்க விண்ணப்பித்துவிட்டார்கள்."

"அப்ப இதை விட வேற என்ன ஆதாரம் சார் உங்களுக்கு வேணும்?" என்றார் தங்கபுஷ்பம். "அவுக இல்லாத ஊரு எங்களுக்கு இப்பத்தான் முத முதல்ல கிடைச்சிருக்கு. அதை விட்டுட்டு, அவுக இருக்கிற ஊர்ல போய் எவளாவது குடியிருப்பாளா? பனியைத் தலையில வாங்கின கையோட ஓடி வந்துருவோம்."

அதிகாரி பேனாவை வைத்துவிட்டு முத்திரையை எடுத்து இரண்டு முறை பலமாகக் குத்தினார். தங்கபுஷ்பத்துக்குக் கண் நிறைந்துவிட்டது. தவசிக்கனி அங்கேயே கம்பளிச் சட்டையை மாட்டிக்கொண்டார்.

அவர்கள் கிளம்பும்போது அதிகாரி ஜன்னலின் சிறு துவாரத்தில் வாயை வைத்துத் தாழ்ந்த குரலில் கேட்டார்: "அம்மா, தாங்கள் திரும்பி வரும்போது அவர்களையும் கையோடு அழைத்து வர இயலுமா?"

"அதுக்கென்ன, வரட்டும்," என்றார் தங்கபுஷ்பம். "ஆனா இங்கயும் ஒரு ஜன்னல் வைக்கப் போறோம் சார். முதல்ல அதுல வந்து நிக்கச் சொல்லுங்க. திரும்பிப் போயிருவோம்னு ஆதாரம் காட்டணும்."