கார்மேகம் குளிர்பேழையொடு பொருத காதை

வாழ்க கார்மேகம்! பரமக்குடி ஈன்ற பருந்தோளன், துபாயின் தேரா மசாலாச் சந்தையில் ஏலக்காய் மூட்டையை ஒற்றைக் கையால் தூக்கியே எடை சொல்லும் ஆற்றலன், ஓட்டுநர் உரிமத் தேர்வென்னும் களத்தில் மும்முறை புகுந்து மும்முறையும் தோற்று, முதுகு காட்டாமல் தலை மட்டும் குனிந்து மீண்ட மானமறவன், மழை அருகிய நாட்டில் மழைமேகத்தின் பெயரைச் சுமந்து திரியும் மாண்பினன், அவன் வாழ்க! அவன் சட்டைப் பொத்தான்களைத் தள்ளிநின்ற வயிறு வாழ்க! அவன் வலக்கை ஏந்திய ஸ்க்ரூடிரைவர் வாழ்க! அன்னான் ஒரு வெள்ளிக்கிழமை, மதாம் என்னும் பாலை மணல்வெளியில், வாடகைக்கு எடுத்த வீட்டுவண்டியின் குளிர்பேழையோடு, அதாவது ஃபிரிட்ஜோடு, தன்னந்தனியனாய்ப் பொருத வரலாற்றை உரைக்கப் புகுந்தோம். எம் சொல்லில் பிழை இருந்தால் கேட்போர் பொறுத்துக்கொள்ளவேண்டும்.

போர் என்றால் காரணம் வேண்டும். இப்போருக்குக் காரணமாயினார் கீழக்கரைக் காதர் மைதீன். மசாலாக் கடைக்கு முதலாளி அவரே எனினும், கடையில் எவரும் அவரை முதலாளி என்றதில்லை. காக்கா என்பார்கள், அண்ணன் என்று பொருள். விசா விற்ற ஏஜெண்டு கைகழுவிவிட, ஒரு பையும் இரண்டு சட்டையுமாகத் தேரா வீதியில் விழித்துநின்ற கார்மேகத்தைக் கைகாட்டி அழைத்து, பெயர் கேட்குமுன் "சாப்பிட்டியா தம்பி?" என்று கேட்ட பெருந்தகை அவர். அத்தகையவர் இப்போது விசாவைக் கேன்சல் செய்துகொண்டு, மனைவி ரஹீமா பீவியோடு ஒரேயடியாக ஊருக்குப் போகிறார். ஓட்டலில் விருந்து வேண்டாம், மாலை மரியாதை வேண்டாம் என்றவர் ஒன்றே ஒன்று கேட்டார்: "ஒன் கையால வஞ்சிர மீன் வறுத்துப் போடு தம்பி, அது போதும்." கேட்ட கணமே கார்மேகத்தின் நெஞ்சு விம்மியது. பெற்ற கடனுக்கு முன் இது தூசு என்பது அவனுக்குத் தெரியும். ஆனாலும் இதையாவது பழுதில்லாமல் செய்துவிட வேண்டும் என்று ஏங்கினான்.

ஆகவே, கதிரவன் மணற்குன்றுகளின் பின் அமிழும் காட்சியைக் காக்கா கண்டு களித்தபடி உண்ணவேண்டும் என்று, கட்டிலும் அடுப்பும் குளியலறையும் குளிர்பேழையும் தன்னுள்ளே அடக்கி ஊர்ந்து செல்லும் வீட்டுவண்டி ஒன்று வாடகைக்கு எடுக்கப்பட்டது. உரிமம் அவன் மனைவி சீதாலட்சுமியிடம் இருந்தமையால், வண்டியும் அவள் பெயரிலேயே எடுக்கப்பட்டது. இச்செய்தியைப் பின்னர் வரும் ஒரு சொல்லின்பொருட்டு நினைவில் வைக்கவும். அவளோ பர் துபாயில் ஒரு கிளினிக்கின் வரவேற்பு மேசையில் அமர்ந்து, எம்மொழிக்காரர் வந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாலும் அம்மொழியிலேயே எங்கே வலிக்கிறது என்று கேட்க வல்லவள். கார்மேகத்தின் இந்தியோ டாக்சியில் ஏறினால் தொடங்கி இறங்கினால் முடிவது. 'சீதா' என்றால் நேரே போ என்று அறிவான். கட்டிய மனைவியின் பெயரைச் சொல்லிக்கொண்டே துபாய் முழுதும் வழி காட்டித் திரிந்தவன் அவன். மூட்டை ஏற்றும் லாரிக்காரர்களின் தயவால் 'கரோ' என்றால் செய் என்பதும் அறிவான். அத்தோடு சரி.

மணல்வெளி அடைந்ததும், வண்டியை நிறுத்தும் இடத்தைத் தேர்ந்தவன் நம் நாயகனே. குன்றின் தோளில் ஒரு சரிவைக் கண்டான், அந்தி அங்கிருந்து பார்த்தால்தான் அழகு என்று முடிவுகட்டினான், பின்னால் நின்று இரு கரமும் வீசி, "வா, வா, இன்னும் வா, போதும்!" என்று ஆணையிட்டான். சீதாலட்சுமி இறங்கி, வண்டியை ஒருமுறை பார்த்து, "என்னங்க, ஒரு பக்கமா சாஞ்ச மாதிரி இருக்கே?" என்றாள். "மணல்னா அப்படித்தான் இருக்கும்" என்று பிரகடனம் செய்தான் கார்மேகம். வண்டிக்குள் மேசைமேல் வைத்த எலுமிச்சம்பழங்களுள் ஒன்று உருண்டு கீழே விழுந்தது. அவன் அதை எடுத்து மீண்டும் மேசைமேல் வைத்தான்.

உச்சிவெயில் ஏறி, கூரைத்தகடு காய்ந்து, ஒட்டகங்களும் நிழல் தேடிய வேளையில், நீர் அருந்தும் பொருட்டுக் குளிர்பேழையைத் திறந்த கார்மேகத்தின் முகத்தில் வீசியது குளிரன்று, வெதுவெதுப்பான காற்று. உள்ளே மேல்தட்டில், மிளகாயும் மஞ்சளும் இஞ்சியும் பூண்டும் பூசிச் செங்கோலம் கொண்ட வஞ்சிரத் துண்டங்கள் தட்டுத்தட்டாய்க் கிடந்தன. கீழ்த்தட்டில், மறுநாள் காலைக்கென்று கொண்டுவந்த இட்லிமாவு பாத்திரத்துள் உறங்கிக்கொண்டிருந்தது. இடைத்தட்டில் இருந்த தண்ணீர்ப்புட்டி கைக்குச் சூடாகவே பட்டது.

அவன் பேழையின் விலாவில் செவி வைத்தான். ஓசை இல்லை. தேராவில் அவன் அறையிலுள்ள குளிர்பேழை இரவெல்லாம் லாரிபோல் உறுமுவது. உறுமினால் உயிர் உண்டு, உறுமாவிட்டால் இல்லை என்பது அவன் வாழ்நாள் முழுதும் கைக்கொண்ட சித்தாந்தம். நிமிர்ந்தான், நெற்றி வியர்வையைப் புறங்கையால் துடைத்தான், கம்ப்ரஸர் தீர்ந்துபோயிற்று என்று அரபும் கலந்து எண்டிசையும் கேட்க முழங்கினான்: "கம்ப்ரஸர் கலாஸ்!" உண்மை யாதெனின், அப்பேழைக்குக் கம்ப்ரஸர் என்னும் உறுப்பே கிடையாது. அது சிறு கேஸ் சுடரின் வெம்மையைக் கொண்டே சத்தமின்றிக் குளிரூட்டும் இனத்தது. இதை எடுத்துரைக்க அங்கே எவரும் இலர். இருந்திருந்தாலும் அவன் கேட்டிருக்க மாட்டான்.

சீதாலட்சுமி சமாதானம் பேசினாள்: "என்னங்க, வர்ற வழியில பெட்ரோல் பங்க் இருந்துச்சே, ஐஸ் வாங்கிட்டு வந்துருவோமா?" ஐஸ் வாங்குவதாவது! களத்தில் நிற்கும் வீரன் கடையில் போய் வெற்றியை விலைக்கு வாங்குவதோ? "நீ பாய விரி. இத நான் பாத்துக்கிறேன்" என்றான் அவன். அவள் பாயை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

பின்னர் நிகழ்ந்தது பெரும்போர். திருகியைக் கடைசி எண் வரை திருகினான், பேழை அசையவில்லை. கேஸிலிருந்து பேட்டரிக்கும் பேட்டரியிலிருந்து கேஸுக்கும் விசையை மாற்றி மாற்றி அழுத்தினான். சிறுவிளக்கு ஒன்று கண்சிமிட்டி அவனை ஏளனம் செய்தது. நம் முன்னோர் டிவிக்கும் ரேடியோவுக்கும் செய்துவந்த வைத்தியப்படி, உள்ளங்கையால் பக்கவாட்டில் ஓங்கி ஓர் அறை அறைந்தான். மேசைமேல் இருந்த எலுமிச்சை மறுபடியும் உருண்டு ஓடியது. வண்டியின் வெளிப்புறம் சென்று, பேழையின் முதுகுப்புறத்துக் காற்றுக்கதவை ஸ்க்ரூடிரைவரால் கழற்றி, உள்ளே நீலச்சுடர் ஒன்று எரிவதைக் கண்டு, குளிர்பேழைக்குள் நெருப்பா என்று திகைத்து, அதை ஊதி அணைத்து, அணைத்தது தவறோ என்று அஞ்சி மீண்டும் ஏற்றினான். அம்முயற்சியில் அவன் முன்கை ரோமங்கள் சில பொசுங்கின. வெயிலில் வெந்து, மணலில் மண்டியிட்டு, மூச்சு வாங்க எழுந்தவன் வண்டிக்குள் மீண்டபோது, இட்லிமாவு விழித்தெழுந்துவிட்டது. வெம்மையின் துணையால் பொங்கிய அது, மூடியை மெல்லத் தூக்கி, விளிம்பில் வெண்படை நிறுத்தி, கீழ்த்தட்டைக் கைப்பற்றி, காய்கறிப் பெட்டிக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. அவன் அதைக் கரண்டியால் வழித்து வழித்துப் போட்டான். வழித்த அளவு மறுபடி வந்தது.

வேறு வழியின்றி, வண்டிக் கம்பெனியின் மெக்கானிக்கிற்கு அலைபேசினான். எதிர்முனையில் பேசியவர் பெஷாவர்க்காரர், நல்ல மனிதர், ஆனால் தமிழ் அறியார். "பாய், ஃபிரிட்ஜ் கலாஸ், கூலிங் மாஃபி" என்று, குளிர்ச்சி இல்லாமையை மும்மொழியில் முறையிட்டான் கார்மேகம். அவர் நிதானமாகச் சொன்னார்: "காடி டேடா ஹை, பாய். காடி டேடா."

டேடா என்றால் கோணல், வண்டி சாய்ந்திருக்கிறது என்று பொருள்; சாய்ந்து நின்றால் அவ்வினப் பேழை குளிராது. கார்மேகமோ தன் அலைபேசியைப் பெருமிதத்தோடு பார்த்து, "டேட்டா ஹை பாய்! ஃபுல் டேட்டா ஹை!" என்றான்.

அவர் அதே சொல்லை மீண்டும் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். பிறகு, "நஹி பாய். பஹ்லே சீதா கரோ. சீதா! சம்ஜா? சீதா கரோ!" என்று குரல் உயர்த்திச் சொல்லிவிட்டு அவர் போனை வைத்துவிட்டார்.

கார்மேகம் நின்றான். எண்ணினான். சீதா என்பது டாக்சிக்கு உரிய சொல். நேரே செல் என்பது அதன் பொருள். குளிர்பேழையோ நேரே செல்லும் பொருளன்று. ஆதலின் இது வழிச்சொல் அன்று, பெயர்ச்சொல். வண்டி எவள் பெயரில் எடுக்கப்பட்டதோ அவள் பெயர். கரோ என்பது செய். கூட்டிப் பார்த்தால் வருவது: சீதா செய்யட்டும். அதாவது, உன்னால் ஆகாது, உன் மனைவியை விடு! மூன்று உரிமத் தேர்வின் பழைய புண்களும் ஒருசேர எரிந்தன. பெஷாவரிலிருந்து வந்தவனுக்குக்கூடத் தன் கையாலாகாமை தெரிந்துவிட்டதே என்று மனம் நொந்தான். இச்செய்தியை மனைவியிடம் சொல்வதில்லை என்று வஞ்சினம் கூறிக்கொண்டான்.

ஆயினும் மீன் காத்திருக்காது. தட்டை முகர்ந்தான், இன்னும் கெடவில்லை, ஆனால் மாலைவரை தாங்குமா? காக்காவின் முகம் மனக்கண்முன் வந்து நின்றது. பரமக்குடிக் கார்மேகம் அப்போது தன் இறுதிப் படைக்கலத்தை எடுத்தான்: கல்லுப்பு. உப்பிட்ட மீன் கெடாது என்பது கருவாடு கண்ட எவரும் அறிந்தது. முன்பே உப்பும் மசாலாவும் ஏற்ற அத்துண்டங்களின்மேல், பாக்கெட்டைக் கிழித்து, கல்மாரியெனக் கொட்டி, இருபுறமும் புரட்டி, பூசி, அழுத்தி, மூடிவைத்தான். கை கழுவிக்கொண்டான்.

வெயில் சற்றுத் தாழ்ந்தபோது உள்ளே வந்த சீதாலட்சுமி, மாவால் மெழுகிய தரையையும், அதன்மேல் உருண்டு கிடந்த எலுமிச்சைகளையும், எல்லாம் ஒரே மூலையில் சேர்ந்திருந்ததையும் கண்டாள். "போன் பண்ணீங்களே, மெக்கானிக் என்ன சொன்னாரு?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாமலா இப்படி மொகத்தத் தூக்கி வச்சிருக்கீங்க? சொல்லுங்க."

வஞ்சினம் உடைந்தது. "என்னால ஆகாதாம். ஒன்னத்தான் செய்யச் சொல்றான். சீதா கரோ, சீதா கரோன்னு கத்துறான். ஒன் பேரு அவனுக்கு எப்படித் தெரியும்?"

சீதாலட்சுமி அவனையே பார்த்தாள். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டாள். பிறகு கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்த பின்னரே அவளுக்குப் பேச்சு வந்தது. "அட சாமி! சீதான்னா நேரான்னு அர்த்தம். வண்டி சாஞ்சு நிக்குது, மொதல்ல நேரா நிறுத்துங்கன்னு சொல்லிருக்காரு! நான் வந்தவொடனே சொன்னேனா இல்லையா?"

அவள் ஓட்டுநர் இருக்கையில் ஏறினாள். சரிவை விட்டு இறக்கி, கெட்டித்தரையில் வண்டியை நிமிர்த்தி நிறுத்தினாள். ஆக, சீதா செய்யட்டும் என்று அவன் கொண்ட பொருளும் பொய்க்கவில்லை. எடுத்துவைத்த எலுமிச்சம்பழம் மேசைமேல் அசையாமல் இருந்தது. குளிர்பேழை ஓசையேதும் எழுப்பவில்லை. ஆனால் சிறிதுநேரம் கழித்துத் தகட்டில் கை வைத்தால் சில்லிட்டது. போகப்போகத் தண்ணீர்ப்புட்டிகளும் வேர்த்தன. கார்மேகம் கதவைத் திறந்து, அக்குளிரில் முகம் வைத்து நின்று, "நான் காத்துக்கதவத் தொறந்து சுத்தம் பண்ணதும் ஒரு காரணம்" என்று அறிவித்தான். அவள் தரையில் கிடந்த மாவைத் துடைக்கப் போனாள்.

அந்தி வந்தது, காக்காவும் ரஹீமா பீவியும் வந்தனர். மணற்குன்றுகள் செந்நிறம் பூண்டன. சட்டி காய்ந்தது, எண்ணெய் பொங்கியது, வஞ்சிரம் பொன்னிறமாகிப் பாயில் பரப்பிய தட்டுகளில் இறங்கியது. "சாப்பிடுங்க காக்கா! இந்த மீனுக்காக இன்னிக்கு ஒரு யுத்தமே நடந்துச்சு!" என்று முழங்கினான் கார்மேகம். காக்கா முதல் துண்டைப் பிட்டு வாயில் வைத்தார். ஒரு கணம் மென்ற வாய் நின்றது. ஏதோ சொல்ல வாயெடுத்த ரஹீமா பீவியைக் கண்ணாலேயே அடக்கினார். பிறகு அத்துண்டை முழுவதும் உண்டார், இரண்டாவதையும் உண்டார், "இன்னொண்ணு வைய்யி தம்பி" என்றார். இடையிடையே தண்ணீர் கேட்டார். ஒரு புட்டி முடிய இன்னொரு புட்டி கேட்டார். குளிர்ந்த நீரை அவர் மடமடவென்று குடிக்கும் ஒவ்வொரு முறையும், தான் மீட்ட குளிர்பேழைக்குச் செய்யும் மரியாதையாகவே கருதிக் கார்மேகம் பூரித்தான். உண்டு முடித்து, அவன் தோளில் கை வைத்து, "இந்தச் சாப்பாட்ட நான் மறக்கவே மாட்டேன் தம்பி" என்றபோது காக்காவின் கண் கலங்கியிருந்தது. கார்மேகம் அழுதேவிட்டான். காக்கா இனிக் கடையில் இருக்கமாட்டார் என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

அவர்கள் விடைபெற்றுச் செல்ல, அவர்தம் காரின் பின்விளக்கு மணல்வெளியின் விளிம்பில் மறையும்வரை கையசைத்து நின்று, மாற்றாரை வென்று மானம் காத்து அன்புக்கடனில் அணுவளவேனும் அடைத்தோம் என்னும் நிறைவு நெஞ்சில் தளும்ப, விழுப்புண் பட்ட முன்கையை வருடியவாறே வெற்றித்திருமகன் கார்மேகம் பாயில் வந்தமர்ந்து, தனக்கென்று எடுத்துவைத்திருந்த வாகைத் துண்டத்தை இரு விரலால் ஏந்திப் பெருமிதத்தோடு ஒரு வாய் கடித்தான்.

மீனில் உப்பு ரொம்ப அதிகம்.