பெண் பார்க்கப் போய் பிரெஞ்சு பேசினேன்

வேற்று மொழி கற்றுக்கொள்ள ஆரம்பிக்கிற எல்லாரும் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை நாளில் பேச வரும்?" என்பதுதான். நானும் கேட்டேன். "நீ எப்போ பொண்ணு பார்க்கப் போற?" என்று திருப்பிக் கேட்டான் அந்தோணி. ஆவணியில் என்றேன். "அப்போ ஆவணியில வந்துடும்" என்றான். அவன் தையல்காரன். எல்லாத் துணிக்கும் அப்படித்தான் வாக்குக் கொடுப்பான், ஒன்றுகூட சொன்ன நேரத்துக்கு வராது. அது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

ஐம்பதுகளின் கடைசி. திண்டிவனத்தில் ஒரு மல்லாட்டை (வேர்க்கடலைதான்) மண்டியில் நான் கணக்குப்பிள்ளை. கமலாவை மயிலம் பங்குனி உத்திரத்தில் பார்த்தேன். வளையல்காரனிடம் பேரம் பேசி, அவன் கடைசியில் கும்பிட்டு "எடுத்துக்கினு போம்மா" என்று சொல்லும் வரைக்கும் அவள் விடவில்லை. கட்டினால் இந்தப் பெண்ணைத்தான் என்று அங்கேயே முடிவு செய்துவிட்டேன் (அவளைக் கேட்கவில்லை, அந்தக் காலத்தில் அது கடைசியில்தான்). விழுப்புரத்துப் பெண் என்று தெரிந்தது. அம்மாவை நச்சரித்துத் தரகரை அனுப்பினேன்.

தரகர் திரும்பி வந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். பெண்ணின் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர். எங்கள் பக்கத்தில் அப்படிப்பட்டவர்களைச் சொல்தா என்பார்கள். சைகோன் வரைக்கும் போய் வந்த மனுஷர், பிரெஞ்சு பேசத் தெரிந்தவனுக்குத்தான் பெண் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாராம். "நீங்க இன்னா சொன்னீங்க?" என்றேன். "தம்பிக்கு பிரெஞ்சு தண்ணி பட்ட பாடுன்னுட்டேன்" என்றார் தரகர். எனக்குத் தண்ணீர்தான் தெரியும், பிரெஞ்சு தெரியாது.

அந்தோணி புதுச்சேரியில் பிறந்து பள்ளிக்கூடத்திலும் கொஞ்சம் உட்கார்ந்தவன். மண்டி மூடியதும் அவன் கடைக்குப் போய்விடுவேன். அவன் மிஷினை மிதித்துக்கொண்டே சொல்லுவான், நான் தமிழில் எழுதிக்கொள்வேன். முதல் சிக்கல் அங்கேயே வந்தது. நம்மிடம் இருப்பது ஒரே ஒரு 'ப'. அவர்களிடம் இரண்டு விதமான 'ப' இருக்கிறது. இரண்டையும் ஒரே எழுத்தில் எழுதி வைத்துவிட்டு, வீட்டில் போய் எது எதுவென்று தெரியாமல் முழிப்பேன்.

அடுத்தது ஆண்பால் பெண்பால். நமக்கு மனிதர்களோடு அது முடிந்துவிடும். அவர்களுக்கு நாற்காலி பெண்பால், பெஞ்சு ஆண்பால். போகட்டும். மீசை பெண்பால் என்றான் பாருங்கள், எனக்கு ஆத்திரமே வந்துவிட்டது. "அது எப்படிடா?" என்றேன். "அவன் ஊரு மீசை, அவன் சொல்றான். உனக்கு ஏன் பேஜாரு?" என்றான்.

எழுதுகிற எழுத்தில் பாதியை வாயிலேயே முழுங்கிவிட வேண்டுமாம். பின்னே எதற்கு எழுதுகிறான் என்று கேட்டால், "வசதியானவன், எழுதுறான்" என்பான். மீதிப் பாதியை மூக்கால் பேச வேண்டும். நான் வீட்டில் மூக்கால் பேசிப் பழகியதில் அம்மா சளி என்று நினைத்து சுக்குக் கஷாயம் வைத்துக் கொடுத்தாள். ரொட்டிக்கு அவர்கள் மொழியில் 'பேன்'. அதைக் கேட்ட நாளிலிருந்து எனக்கு ரொட்டி இறங்கவில்லை. 'நீ' என்பதற்கு 'தூ'. "அதை மட்டும் மாமனார்கிட்ட சொல்லிடாதே. 'வூ'ன்னு சொல்லு, அதுதான் நம்ம 'ங்க' மாதிரி" என்று எச்சரித்தான்.

ஆவணி வந்தது. எனக்கு வந்தது மூன்றே வார்த்தைகள். வணக்கம் சொல்ல 'போன்ழூர்', ஆமாம் சொல்ல 'வீ', அழகாக இருக்கிறது என்று சொல்ல 'சே போ'. மூன்றாவதைச் சொல்லிக் கொடுத்தபோது அந்தோணி வாயில் குண்டூசிகளைக் கடித்துக்கொண்டு, பெண்களுக்கு வேறு மாதிரி சொல்ல வேண்டும் என்று ஏதோ முனகினான். நான் அதைக் காதில் வாங்கவில்லை.

அம்மாவும் நானும் தரகரும் பாசஞ்சரில் விழுப்புரம் போய் இறங்கினோம். சொல்தா வாசலிலேயே நின்றார். பெண்பால் மீசை, முறுக்கி விட்டது. 'போன்ழூர்' என்றேன். மனுஷர் முகம் மலர்ந்து, கையைப் பிடித்து உள்ளே அழைத்துப்போய் உட்காரவைத்து, மடை திறந்த மாதிரி பிரெஞ்சு பேச ஆரம்பித்தார். அவர் நிறுத்திய இடத்திலெல்லாம் நான் 'வீ' போட்டேன். (அதில் ஒன்று, குடிப்பழக்கம் உண்டா என்ற கேள்வியாம். கல்யாணத்துக்குப் பிறகுதான் தெரிந்தது. ஒளிக்காமல் சொன்னேன் என்று அதிலேயே அவருக்கு என்னைப் பிடித்துவிட்டதாம்.)

கமலா பஜ்ஜித் தட்டோடு வந்தாள். சொல்தா பிரெஞ்சிலேயே என்னிடம் ஏதோ கேட்டு, பெண் பக்கம் கண்ணைக் காட்டினார். இதற்காகத்தானே இத்தனை கஷாயம் குடித்தேன். நிமிர்ந்து உட்கார்ந்து, அவளை நேராகப் பார்த்து, ஊருக்கே கேட்கிற மாதிரி சொன்னேன்.

"சே... போ."

தட்டு என் முன்னால் டக்கென்று உட்கார்ந்தது. கமலா போயே போய்விட்டாள். சொல்தா மட்டும் தொடையைத் தட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார். அடுப்படியிலிருந்து அவர் சம்சாரம் கரண்டியோடு வந்தார்.

"இன்னாங்க இது? பொண்ணைப் பார்த்து சே போன்னு நாயைத் தொரத்துற மாதிரி தொரத்துறாரு, நீங்க சிரிச்சிக்கினு உக்காந்திருக்கீங்க?"

"அடியே, அது பிரெஞ்சுடி. அழகா இருக்குன்னு அர்த்தம்" என்றார் சொல்தா.

அந்த அம்மாள் கரண்டியை இறக்கினார். "அழகா இருக்குன்னா?"

"ஆமாங்கறேன்."

"சைகோன்லேர்ந்து ஒரு பச்சைப் பட்டு கொணாந்தீங்களே, அதைக் கட்டிக்கினு வந்து உங்க எதிர்ல நின்னேனே, அப்போ இன்னா சொன்னீங்க?"

சொல்தாவின் சிரிப்பு நின்றது. "சே போன்னேன்."

"அன்னிக்கு அவுத்து பொட்டியில வெச்சதுதான். இத்தினி வருஷம் தொடலை."

"புடவை உனக்குப் புடிக்கலைன்னு நெனச்சேன்டி."

"கட்டின என்னை உங்களுக்குப் புடிக்கலைன்னு நான் நெனச்சிக்கினு இருக்கேன்."

தரகர் ஒரு பஜ்ஜி எடுத்துக்கொண்டார். பட்டாளத்து மனுஷர் தன் சம்சாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குச் சம்பந்தம் போச்சு என்ற பயம் பாதி, அந்த அம்மாளை நினைத்துப் பாவமாக இருந்தது பாதி.

அப்போது கதவுக்குப் பின்னாலிருந்து கமலாவின் குரல் வந்தது. "அம்மா, அவரு சொன்னது அவங்க சே போவா, நம்ம சே போவா? தமிழ்லயே சொல்லச் சொல்லு."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். பிறந்ததிலிருந்து பேசி வந்த தமிழ் அந்த நேரம் பார்த்துக் காணாமல் போனது. மாதக் கணக்கில் நாற்காலிக்கும் மீசைக்கும் பால் பார்த்த மூளை, மனுஷிக்குப் பார்க்க மறந்துவிட்டது. "நல்லா... நல்லா இருக்குது" என்றேன்.

"எது, பஜ்ஜியா?" என்றது கதவு.

"பஜ்ஜி இல்லைங்க. நீங்க. நீங்க நல்லா இருக்கீங்க. மயிலத்துலயே நல்லா இருந்தீங்க. எனக்கு பிரெஞ்சு தெரியாதுங்க. மூணே வார்த்தைதான் தெரியும்." எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள்.

கதவுக்குப் பின்னால் ஒரு சிரிப்பு கிளம்பி, அடக்க முடியாமல் வெளியே வந்தது. அந்த அம்மாளும் சிரித்தார். சொல்தா நெடுநேரம் மீசையைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு, "தெரியாதவனே வரட்டும். தெரிஞ்சவன் கட்டிக்கினு என்னத்தைக் கிழிச்சான்?" என்றார். அதுதான் எனக்குக் கிடைத்த சம்மதம். பிரெஞ்சு மொழிக்கு நான் இன்றுவரை நன்றியுள்ளவன்.

எங்கள் வீட்டில் புதுத்துணி கட்டினால் 'சே போ' என்றுதான் மெச்சுவோம். அதில் ஒரு வம்பு வந்தது. மகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்த புதிதில், டீச்சர் ஒருநாள் புதுச் சேலை கட்டி வந்திருக்கிறார். இவள் ஆசையாக எழுந்து நின்று, "சே போ டீச்சர்" என்றிருக்கிறாள். நாள் முழுக்க வகுப்புக்கு வெளியே நின்றாள். மறுநாள் ஆள் விட்டார்கள், கமலா போனாள்.

சாயங்காலம் வந்தவளிடம், "டீச்சர் இன்னா சொன்னாங்க?" என்று கேட்டேன்.

"அது எங்க ஊட்டுக்காரரு கத்துக்கிட்ட பிரெஞ்சுன்னு சொன்னேன். அப்போ ஊட்ல அவரைத் தமிழ்லயே பேசச் சொல்லுங்கம்மான்னாங்க."

"நீ இன்னா சொன்ன?"

"அவரு தமிழ் அதைவிட மோசம் டீச்சர்னு சொல்லிட்டு வந்துட்டேன்."