மூன்று மைல் நேப்பிள்ஸ்

நேப்பிள்ஸ் நகரத்தை மூன்று மைலுக்குள் சுற்றிக் காட்டிய ஒரே மனிதர், உலகத்திலேயே, எங்கள் தென்காசியில்தான் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தார். ஸ்டேஷனில் வண்டியை எடுத்தால் குற்றாலம் போய்ச் சேர்வதற்குள் எரிமலை, புதைந்த ஊர், கோட்டை, துறைமுகம் என்று ஒன்றையும் விடமாட்டார். அருவியில் குளிக்கத் தலையில் எண்ணெயோடு ஏறியவர்கள் இத்தாலியைப் பார்த்துவிட்டு இறங்குவார்கள்.

இரண்டாம் உலக யுத்தத்தில் லாரி ஓட்டப் பட்டாளத்துக்குப் போய், நேப்பிள்ஸில் இருந்ததாகச் சொல்லிக்கொண்டு திரும்பியவர். பெற்றவர்கள் வைத்த பெயர் ரேஷன் கார்டோடு சரி; ஊருக்கு அவர் நேப்பிள்ஸ். எனக்கு அத்தை மகன் என்பதால் நேப்பிள்ஸ் அத்தான்.

கோயிலின் இடிந்துபோன மொட்டைக் கோபுரம் கண்ணில் பட்டதும் ஆரம்பிப்பார். "இங்கன ஒரு கோபுரம் போனதுக்கே அழுதோம். அங்கன ஒரு ஊரே சாம்பலுக்குள்ள போயிட்டு. ரெண்டாயிரம் வருஷம் கழிச்சுத் தோண்டுதாவ, அடுப்புல வச்ச ரொட்டி அப்படியே இருக்கு." அடுத்தது எரிமலை. அதன் உயரத்தைக் காட்ட இரண்டு கைகளும் வேண்டும். ஸ்டியரிங்கை விட்டுவிட்டு அவர் மலையை உயர்த்தும்போது பயணிகள் அவரவர் குலதெய்வத்தைக் கூப்பிடுவார்கள். ஒருமுறை சுந்தரபாண்டியபுரத்து விவசாயி ஒருவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அந்தத் துறைமுகத்துத் தண்ணி நெல்லுக்கு ஆவுமா?" என்றார். "கடலுல்லா அண்ணாச்சி, உப்பு" என்றார் அத்தான். "அப்ப அவ்வளவு தூரம் போயி என்னத்துக்கு" என்று விவசாயி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஊருக்கு இதெல்லாம் வேடிக்கை. எங்கள் வீட்டில்தான் வினை. என் தங்கை அத்தானைத்தான் கட்டிக்கொள்வேன் என்று இருந்தாள். முறை இருந்தது, பிரியம் இருந்தது, அப்பா சம்மதம் மட்டும் இல்லை. வடகரையில் வயலும் தோப்பும் வைத்திருந்த அப்பா, கண்ணால் பார்க்காத எதையும் நம்பாதவர்.

"நேத்து அவிச்ச இட்லி இன்னைக்கு ஊசிப் போவுது. ரெண்டாயிரம் வருஷத்து ரொட்டியாம்லே" என்பார் என்னிடம். "இவன் கப்பலே ஏறலை. பூனாவுல சட்டி கழுவிட்டு வந்து கதை விடுதான். அக்கா மவன்னாலும் பொய் சொல்லுதவனுக்குப் பொண்ணு கிடையாது."

அந்த வருஷம் சாரல் நன்றாக விழுந்தது. அப்பா, தங்கை, நான் மூவரும் குளிக்கக் கிளம்பி அத்தானின் கரி பஸ்ஸில் ஏறினோம். பெட்ரோல் தட்டுப்பாட்டில் அப்போதெல்லாம் பஸ்ஸின் பின்னால் கரி அடுப்பைக் கட்டி ஓட்டுவார்கள். அப்பாவுக்குப் பக்கத்து ஸீட்டில் வெள்ளை அங்கியும் தாடியுமாக ஒரு வெள்ளைக்காரப் பாதிரியார். அத்தான் வழக்கம்போல எரிமலையைத் தூக்கி நிறுத்திக்கொண்டிருந்தபோது அப்பா பேச்சுக்குக் கேட்டார்.

"சாமிக்கு எந்தத் தேசம்?"

"இத்தாலி. பிறந்த ஊர் நேப்பிள்ஸ்" என்றார் பாதிரியார், சுத்தமான தமிழில்.

அப்பா எழுந்தே நின்றுவிட்டார். "நிறுத்துலே வண்டிய."

மேலகரம் தாண்டி வண்டி நின்றது. அப்பா பஸ்ஸுக்கே கேட்கும்படி சொன்னார்: "இந்தச் சாமி ஆமான்னு சொன்னா ஆவணியில கல்யாணம். இல்லைன்னா இந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது." தங்கை மாற்றுத் துணிப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். உண்மையைச் சொல்கிறேன், அத்தான் மேல் எனக்கும் பாதி நம்பிக்கைதான்.

பாதிரியார் தாடியைத் தடவினார். "இவர் சொன்ன எந்த இடத்தையும் நான் பார்த்ததில்லையே."

அப்பா ஜெயித்த முகத்தோடு எங்களைத் திரும்பிப் பார்த்தார். பாதிரியார் முடிக்கவில்லை. "ஏழை வீட்டுப் பிள்ளை. பன்னிரண்டு வயதில் எங்கள் சந்திலிருந்து நேரே பாதிரியார் படிப்புக்குக் குருமடம். உள்ளூர்க்காரன் எவன் எரிமலை ஏறுகிறான்? அந்த ரொட்டியைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன்."

"கேள்விப்பட்டது நானுந்தான் சாமி, இவன்கிட்ட" என்றார் அப்பா.

பாதிரியார் சிரித்தார். பிறகு அத்தானைப் பார்த்து, "தம்பி, எங்கள் சந்துகளில் நாலாவது மாடியில் இருக்கிற பெண்கள் கறிகாய் எப்படி வாங்குவார்கள்?" என்று கேட்டார்.

தூக்கத்திலும் நேப்பிள்ஸ் பேசுகிற மனிதர் வாயை மூடிக்கொண்டார். போச்சு, பூனாதான் என்று நினைத்தேன்.

"சொல்லுங்க அத்தான்" என்றாள் தங்கை. அப்பா எதிரில் அவள் அவரோடு பேசியது அதுதான் முதல் தடவை.

"கயித்துல கூடையக் கட்டி மேலேருந்து இறக்குவாவ" என்றார் அத்தான், தரையைப் பார்த்து. "ஒருநாள் லாரிய நிறுத்தியிருந்தேன். மூஞ்சிக்கு நேரா ஒரு கூடை வந்துது, வெறுங்கூடை. மேல ஒரு அம்மா, இடுப்புல பிள்ளை. ஊரே பட்டினி. லாரியில இருந்த ரொட்டியில ஒண்ணு வச்சேன். பார்த்தா தெரு பூரா கூடை இறங்குது சாமி. எதுல வைக்கது, எத விடுதது? லாரியே காலியாப் போச்சு. சுபேதார் ஒரு மாசம் உருளைக்கிழங்கு தோலு சீவ விட்டுட்டாரு."

"இத ஏம்லே இத்தனை நாளாச் சொல்லலை?" என்றார் அப்பா.

"சர்க்கார் சாமான எடுத்துக் குடுத்தவன்னு தெரிஞ்சா நீங்க பொண்ணு தருவியளா மாமா?"

பாதிரியார் கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டார். "என் அம்மாவும் கூடைதான் இறக்குவாள்" என்றார்.

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "பொய் சொல்லுதவனுக்குத்தான் இல்லைன்னேன்" என்றார். "பசிச்சவளுக்கு ரொட்டி குடுத்தவனுக்கு இல்லைன்னு எப்பச் சொன்னேன்? வண்டிய எடுங்க மாப்பிள்ளே."

மாப்பிள்ளை எடுத்தார், வண்டி அசையவில்லை. விசாரணை நடந்த நேரத்தில் கரி அடுப்பு அணைந்துவிட்டிருந்தது. பாதிரியார் அங்கியைத் தூக்கிச் செருகினார், அப்பா வேட்டியை மடித்துக் கட்டினார், எல்லோரும் இறங்கித் தள்ளினோம். உள்ளே ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அத்தான் குழந்தை மாதிரி அழுதுகொண்டிருந்தார். குற்றாலம் இன்னும் ஒன்றரை மைல். அன்றைக்கு எனக்கிருந்த நிம்மதியில், அந்த மனிதரை வைத்து நேப்பிள்ஸ் வரைக்கும் தள்ளச் சொல்லியிருந்தாலும் தள்ளியிருப்பேன்.