கடைமடைக்கு வராத ஹால் டிக்கெட்

உட்காராமல் எதுவும் கிடைக்காது. கடைமடைப் பக்கம் பிறந்தவர்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மேட்டூரில் அணையைத் திறந்து பூத்தூவுவதை டிவியில் காட்டுவார்கள். அந்தத் தண்ணீர் கல்லணை தாண்டி, குத்தாலம் தாண்டி, வழியிலுள்ள அத்தனை பேரும் வாங்கிக்கொண்டு மிச்சம் வைத்தால்தான் பூம்புகார்ப் பக்கத்து எங்கள் ஊர் வாய்க்காலுக்கு வரும். வராவிட்டால் மனுக் கொடுப்போம். மனுவுக்கும் அசையாவிட்டால் வாடிய நாற்றைக் கையில் பிடித்துக்கொண்டு ரோட்டில் உட்காருவோம். தாசில்தார் வருவார், பேச்சுவார்த்தை நடக்கும், எழுந்து வீட்டுக்குப் போவோம். இதில் பெரிய கோபதாபம்கூடக் கிடையாது. விதைப்பு, நடவு, களையெடுப்பு மாதிரி மறியலும் எங்களுக்கு ஒரு விவசாய வேலை.

இந்த விவசாய அறிவைக் கொண்டுபோய் நான் கல்லூரிப் படிப்பில் பயன்படுத்தினேன். அதற்காக இன்றுவரை வீட்டிலும் ஊரிலும் என்னைக் கேலி செய்கிறார்கள். செய்யட்டும். நான் மன்னிப்புக் கேட்பதற்காக இதை எழுதவில்லை.

எங்கள் ஊர் அங்கன்வாடியில் எனக்கு வேலை. ப்ளஸ் டூ முடித்த கையோடு கல்யாணம். அம்மா அடுத்தவர் வயலில் நாற்று நட்டுத்தான் அதுவரைக்கும் படிக்க வைத்தாள். என் மகள் கயல் பத்தாவது வந்தபோது, அவளுக்கு முன்னால் நான் ஒரு டிகிரி வாங்கிவிட வேண்டும் என்று ஒரு வீம்பு வந்தது. டிகிரி இருந்தால் மேற்பார்வையாளர் பதவிக்கும் விண்ணப்பிக்கலாம். தொலைதூரக் கல்வியில் பி.ஏ. வரலாறு சேர்ந்தேன். (பல்கலைக்கழகத்தின் பெயரைச் சொல்ல மாட்டேன். இன்னும் அவர்களிடம் எனக்கு வேலை இருக்கிறது.)

மாயவரத்தில் ஒரு சந்துக்குள், உரக்கடை மாடியில் ஸ்டடி சென்டர். அதன் ஒருங்கிணைப்பாளர் பாஸ்கர் சார். சேரப் போன அன்று டீ வாங்கிக் கொடுத்தார். "நீங்க ஒண்ணும் கவலைப்படாதீங்கம்மா. சேர்ற வரைக்கும்தான் உங்க பொறுப்பு. சேர்ந்துட்டா முழுக்க எங்க சப்போர்ட்டு" என்றார். பணம் கட்டி ரசீது வாங்கியதுமே சப்போர்ட் மாடியேறிக் கதவைச் சாத்திக்கொண்டது.

விளம்பரத்தாளில் காதில் மைக் மாட்டிக்கொண்டு ஒரு பெண் சிரித்துக்கொண்டிருப்பாள். உதவிக்கு அழையுங்கள் என்று கீழே ஒரு நம்பர். அந்தப் பெண் எங்கிருந்தாலும் நன்றாக இருக்கட்டும். ஒருநாளும் அவள் என் போனை எடுத்ததில்லை. உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியமானது என்று ஒரு குரல் சொல்லும், பிறகு ஒரு இசை வரும். உலை வைக்கும்போது ஸ்பீக்கரில் போட்டேன் என்றால் சோறு வடித்து, குழம்பு இறக்கி, கயல் பள்ளிக்கூடம் போகும்வரை அதே இசை. கடைசியில் என் வீட்டுக்காரர் செல்வராசு வயலில் வரப்பு வெட்டும்போது அந்த மெட்டை முணுமுணுக்க ஆரம்பித்துவிட்டார். அந்த சப்போர்ட்டினால் எங்கள் குடும்பத்துக்குக் கிடைத்த ஒரே பலன் அதுதான்.

புத்தகம் வந்தது. இல்லையென்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். தமிழக வரலாறு கேட்டிருந்தேன், ஹோட்டல் மேனேஜ்மென்ட் வந்தது. கெட்டி அட்டை, கலர் படம். நாப்கினை அன்னப்பறவை போல மடிப்பது எப்படி என்று ஒரு பாடம். திருப்பி அனுப்பியபோது மன்னிக்கவும் என்று எழுதி, இன்னொரு ஹோட்டல் மேனேஜ்மென்ட் அனுப்பினார்கள். என்னோடு படித்த நூர்ஜஹான் அக்கா தையல்கடை வைத்திருப்பவர். அவருக்கு ஒரே புத்தகம் மறுபடி மறுபடி வந்ததில், துணிக்குக் கனம் வைக்க வசதியாகிவிட்டது என்றார். வாட்ஸப் குரூப் ஒன்று இருந்தது. அதில் பாஸ்கர் சார் மட்டும்தான் எழுதலாம். தினம் காலையில் ஒரு ரோஜாப்பூ போடுவார். கேள்வி கேட்க வழியே கிடையாது.

இப்படியே மூன்று வருஷத்துப் படிப்பு இழுத்து இழுத்து, அனுமதித்த காலம் முடியும் விளிம்புக்கு வந்துவிட்டது. எனக்கு மிச்சம் ஒரே தாள், தமிழக வரலாறு. இந்தத் தடவை எழுதாவிட்டால் அதுவரை பாஸான தாள்கள் ஒன்றும் செல்லாது. மறுபடி முதல் வருஷம், முதல் பணம், முதல் டீ. நூர்ஜஹான் அக்காவுக்கும் அதே நிலைமை. பஸ் கண்டக்டர் கலியபெருமாள் அண்ணனுக்கும் அதே நிலைமை. ஜூனில் நடக்க வேண்டிய பரீட்சை செப்டம்பருக்குத் தள்ளிப்போயிருந்தது. (ஜூனில் வரவேண்டிய தண்ணீரும் அந்த வருஷம் செப்டம்பரில்கூட வந்து சேரவில்லை.)

சனிக்கிழமை பரீட்சை. அந்த வாரம் முழுக்க ஹால் டிக்கெட்டுக்கு அலைந்தோம். "சைட்டு டவுன்மா" என்பார் பாஸ்கர் சார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் போனால் கதவில் பூட்டு, அவர் போன் சுவிட்ச் ஆஃப். உரக்கடைக்காரர் எங்களைப் பார்த்து, "யூரியாவாவது வாங்கிட்டுப் போங்களேன்" என்றார்.

மாடிப்படியில் பத்துப் பன்னிரண்டு பேர் நின்றோம். எல்லோருக்கும் பிள்ளைகுட்டி இருக்கிற வயசு. நூர்ஜஹான் அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதைப் பார்த்ததும் எனக்கு எங்கிருந்தோ வந்தது ஒரு ஆவேசம். "நாளைக்குக் காலையில உட்காருவோம்" என்றேன்.

யாரும் எங்கே, எதற்கு என்று கேட்கவில்லை. கலியபெருமாள் அண்ணன் மட்டும், "எத்தனை மணிக்கும்மா?" என்றார்.

என் திட்டம் எவ்வளவு நேர்த்தி பாருங்கள். எட்டு மணிக்கு உட்கார்ந்தால் எட்டரைக்குத் தாசில்தார் வருவார். ஒன்பதுக்கு ஹால் டிக்கெட் கைக்கு வரும். பத்துக்குப் பரீட்சை. சந்துக்குள் உட்கார்ந்தால் மறிப்பதற்கு ஒரு மாடுதான் கிடைக்கும் என்பதால் மெயின் ரோட்டைத் தேர்ந்தெடுத்தேன். பெண்கள் முன்வரிசை, ஆண்கள் பின்வரிசை. ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில், தயிர்சாதம். சட்டம் ஒன்றே ஒன்று: அதிகாரி வந்து வாக்குக் கொடுக்கும்வரை யார் என்ன சொன்னாலும் எழுந்திருக்கக் கூடாது. அன்றைக்கு எனக்கு இருந்த மிடுக்கைப் பார்த்திருந்தால் என்னிடம் ஒரு படையையே ஒப்படைத்திருப்பார்கள்.

மறுநாள் எட்டு மணிக்கு உட்கார்ந்தோம். நாற்றுக்குப் பதில் நான் ஹோட்டல் மேனேஜ்மென்ட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டேன். முதலில் வந்து நின்றது பூம்புகார் போகிற பஸ். அதற்குப் பின்னால் ஸ்கூல் வேன், பால் வண்டி, மாப்பிள்ளை வீட்டார் வந்த கார் என்று வரிசை கடைத்தெரு வரை நீண்டது. எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

பஸ்ஸிலிருந்து பச்சைத்துண்டு போட்ட ஒரு பெரியவர் இறங்கி வந்தார். எங்களை ஒரு பார்வை பார்த்தார். என்ன ஏது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. வேட்டியை மடித்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்து கையை உயர்த்தி, "திறந்து விடு! திறந்து விடு!" என்று முழங்கினார்.

"தண்ணீரைத் திறந்து விடு!" என்று நாங்கள் அத்தனை பேரும் பதில் கொடுத்தோம்.

பழக்கதோஷம் என்று வேறு எதைச் சொல்வார்கள்? சின்ன வயதிலிருந்து வாய்க்குப் பழகின கோஷம். எங்களுக்கு வேண்டியது ஹால் டிக்கெட் என்பது எனக்கு மூன்றாவது முறை கத்தும்போதுதான் ஞாபகம் வந்தது. அதற்குள் பஸ்ஸில் இருந்த பாதி சனம் இறங்கி உட்கார்ந்துவிட்டது. பின்வரிசையிலிருந்து கலியபெருமாள் அண்ணன் நரம்பு புடைக்கக் கத்திக்கொண்டிருந்தார்.

இன்ஸ்பெக்டர் வந்தார். காதில் விழுந்ததை வைத்து யாருக்குப் போன் போட வேண்டுமோ போட்டுவிட்டார். ஒன்பது மணிவாக்கில் ஜீப்பில் ஒருவர் வந்து இறங்கினார். ஆற்றுப் பாசனத்துப் பொறியாளர். நேராக என்னிடம் வந்து, "எந்த ஊரும்மா? எந்த வாய்க்கால்?" என்றார்.

ஊரையும் வாய்க்கால் பேரையும் சொன்னேன். கேட்டால் சொல்லத்தானே வேண்டும்.

"அது ஷட்டர் ரிப்பேரும்மா. இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள சரிபண்ணித் தண்ணி விட்டுடறோம். எந்திரிங்க."

"அதோட ஹால் டிக்கெட்டும் வேணும் சார்" என்றேன்.

அவர் இன்ஸ்பெக்டரைப் பார்த்தார். இன்ஸ்பெக்டர் என் கையிலிருந்த புத்தகத்தைப் பார்த்தார். அதன் அட்டையில் ஒரு சமையல்காரர் தொப்பி போட்டுக்கொண்டு கேக் வெட்டிக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் வண்டிகளுக்கு நடுவே ஸ்கூட்டரை விட்டுவிட்டு ஒரு ஆள் வேர்க்க விறுவிறுக்க ஓடிவந்தார். பாஸ்கர் சார். "எந்திரிங்கம்மா! ஐயோ, எந்திரிங்கம்மா!"

இதுதான் சமயம் என்று நான் கையை உயர்த்தினேன். "யாரும் எந்திரிக்காதீங்க! இவர் பேச்சை நம்பாதீங்க! தாசில்தார் வரட்டும்!"

"பரீட்சை பத்து மணிக்கும்மா!"

"அது எங்களுக்குத் தெரியும். உங்களுக்குத் தெரிஞ்சிருந்தா நாங்க ஏன் ரோட்டுல உட்காரப்போறோம்?"

பின்னாலிருந்து கைதட்டல். நான் நன்றாக நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டேன். அவர் ஏதோ சொல்ல வாயைத் திறக்க, நாங்கள் கோஷம் போட, அவர் மறுபடி திறக்க, நாங்கள் மறுபடி போட என்று ஒரு கால்மணி நேரம் போனது. கடைசியில் மனிதர் தன் பையைத் திறந்து ஒரு கட்டுக் காகிதத்தை எடுத்துத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தார். "ஹால் டிக்கெட்டும்மா! ராத்திரி சைட்டு வந்துச்சு. பிரிண்ட் எடுத்துக்கிட்டு, ஏதோ தண்ணி மறியல்னு நெனச்சு எட்டேகால்லேருந்து அந்த வேனுக்குப் பின்னாடி நிக்கிறேன்!"

எங்கள் ஹால் டிக்கெட்டை வரவிடாமல் ஒரு மணி நேரம் ரோட்டை மறித்திருந்தது நாங்களேதான். நூர்ஜஹான் அக்கா மெதுவாக என் பக்கம் திரும்பினார். அந்தப் பார்வையை நான் இங்கே வர்ணிக்கப் போவதில்லை.

"குரூப்புல போட்டிருக்கலாமே சார்?" என்றேன். குரல் கொஞ்சம் இறங்கித்தான் இருந்தது.

"நேர்ல வந்ததும் குடுத்துக்கலாம்னு இருந்தேன்" என்றார். அன்று காலை குரூப்பில் அவர் போட்டிருந்தது மஞ்சள் ரோஜா.

பரீட்சை நடக்கும் பள்ளிக்கூடம் ஊரின் மறுகோடியில், ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம். மணி ஒன்பதே முக்கால். மறித்த பஸ்ஸிலேயே ஏறினோம். (அந்த பஸ்ஸின் கண்டக்டர் கலியபெருமாள் அண்ணனுக்குத் தோஸ்து.) எங்களால் வேலைக்கு நேரமாகிப்போன பயணிகள் வழிநெடுக எங்களைத் திட்டினார்கள். நான் திட்டு வாங்கிக்கொண்டே பல்லவர் பாடத்தை மனசுக்குள் திருப்பிப் பார்த்தேன். ரயில்வே கேட் மூடியிருந்தது. அதை மறித்தவர்கள் நாங்கள் இல்லை என்று நான் சொல்லியும் பஸ்ஸில் யாரும் நம்பவில்லை.

போய்ச் சேர்ந்தபோது பரீட்சை தொடங்கி அரைமணி நேரத்துக்குமேல் கடந்திருந்தது. தலைமைக் கண்காணிப்பாளர் வாசலிலேயே கையைக் குறுக்கே நீட்டினார். "லேட்டு. ரூல்ஸ்படி உள்ள விட முடியாது."

என் ஒருத்திக்கு மட்டுமென்றால் பரவாயில்லை, அத்தனை பேருடைய வருஷங்களையும் நானே ரோட்டில் போட்டுவிட்டேனே என்று இருந்தது. அம்மா நட்ட நடவெல்லாம் கண்முன்னே வந்தது. அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

அப்போது நூர்ஜஹான் அக்கா என் கையைத் தொட்டு, ரொம்ப சாதாரணமாகக் கேட்டார்: "என்ன வசந்தா, உட்காருவோமா?"

கூட்டத்தோடு பின்னாலேயே ஜீப்பில் வந்திருந்த இன்ஸ்பெக்டருக்கு அது கேட்டுவிட்டது. அவர் பாய்ந்து வந்து கண்காணிப்பாளர் காதில், எங்களுக்கும் கேட்கும்படியாகவே சொன்னார்: "சார், உங்களுக்குப் புண்ணியமாப் போகும், உள்ள விட்டுடுங்க. இவங்க உட்கார்ந்தா எந்திரிக்க மாட்டாங்க."

உள்ளே விட்டார்கள். கேள்வித்தாளைப் பிரித்தேன். சோழர் கால நீர்ப்பாசனம் பற்றிக் கட்டுரை வரைக. புத்தகம் வராத குறை எனக்குத் தெரியவே இல்லை. தலைமடைக்காரன் எப்படி மடையை அடைப்பான், கடைமடைக்காரன் எப்படிப் போய்க் கேட்பான் என்று எழுத எழுத வந்தது. கூடுதல் தாள் வாங்கி, அதையும் நிரப்பினேன்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் என் வீட்டுக்காரர் முழங்கால் வரை சேறோடு வாசலில் நின்று சிரித்துக்கொண்டிருந்தார். "ஏய் வசந்தா, வாய்க்கால்ல தண்ணி வந்துடுச்சு! யாரோ மாயவரத்துல மறியல் பண்ணுனாங்களாம், நல்லா இருக்கணும்!"

மறுநாள் பேப்பரில் படம் வந்தது. பாசனத்துக்குத் தண்ணீர் கேட்டுப் பெண்கள் சாலை மறியல். நடுவில் நான், கையில் கேக் வெட்டும் சமையல்காரர். கயல் அந்தப் படத்தை வெட்டி ஃப்ரிட்ஜில் ஒட்டினாள், இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறது. நாங்கள் மூன்று பேரும் பாஸ். எனக்குத் தெரிந்து, ஒரே மறியலில் டிகிரியும் வாங்கி வாய்க்காலுக்குத் தண்ணீரும் கொண்டுவந்த ஆள் இந்த ஜில்லாவிலேயே நான் ஒருத்திதான்.

நான் வெட்கப்பட வேண்டும் என்று எதிர்பார்ப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். உட்கார்ந்ததற்காக நான் வெட்கப்பட மாட்டேன். பிழைப்பைப் பார்த்துக்கொண்டு, பிள்ளையைப் பார்த்துக்கொண்டு, மிச்ச நேரத்தில் படிக்கிறவர்களை வெயிலில் அலையவிட்டவர்கள் வெட்கப்படட்டும். உட்கார்ந்த இடம் மட்டும் சரியில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

அன்றிலிருந்து ஊரில் தண்ணீர் வரத் தாமதமானால் மனு எழுதுவதற்கு முன்னால் என் வீட்டு வாசலுக்கு ஆள் வந்துவிடும். நேற்றுக்கூடப் பக்கத்து வயல்காரர் காய்கிற நாற்றங்காலைப் பார்த்துவிட்டு நேராக வந்தார். "ஏம்மா வசந்தா, இந்த வருஷம் பரீட்சை ஏதும் எழுதலையா?" என்றார்.

எழுதுகிறேன். எம்.ஏ. சேர்ந்திருக்கிறேன். அடுத்த வாரம் பரீட்சை, ஹால் டிக்கெட் இன்னும் வரவில்லை. நூர்ஜஹான் அக்காவுக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டேன். இந்தத் தடவை ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம், பரீட்சை எழுதும் பள்ளிக்கூடத்து வாசலிலேயே உட்காரப் போகிறோம்.