ஒரு சொட்டை எதிர்த்து அட்டை மேஸ்திரி நடத்திய பெரும்போர்

கிரீஸ் படிந்த கரத்தோனே, டார்ச் ஏந்திய வேந்தே, பேருந்துகளின் அடிவயிற்றை அண்ணாந்து பார்த்தே இருபத்தாறு ஆண்டுகளைக் கழித்த பணிமனைப் பெருமகனே, அட்டை மேஸ்திரியே! நின் புகழ் பாடப் புகுந்தோம். எம் நாவும் நின் காலும் வழுக்காதிருக்கட்டும்!

எண்பது டீசல் யானைகள் பிளிறும் அப்பணிமனையில் அவன் வைத்ததே சட்டம். நிற்கும் வண்டி ஒவ்வொன்றின் கீழும் ஒரு வெள்ளை அட்டையை விரிப்பான். அதில் விழுந்த துளிகளை, ஒற்றன் அனுப்பிய ஓலையைப் படிக்கும் மன்னன்போல் படிப்பான். கறுப்பு எஞ்சின் ஆயில், சிவப்பு கியர் ஆயில், பச்சை ரேடியேட்டர் தண்ணீர். ‘ஒழுக்கு இல்லை’ என்ற கட்டத்தில் அவன் கையெழுத்து விழாமல் எந்த வண்டிக்கும் வாசல் திறவாது. இளமையில் ஒருமுறை, ஒரேயொரு துளியை அவன் அலட்சியம் செய்தான். அது பிரேக் ஆயில். பேருந்து ஒரு சுவரில் போய் நின்றது. ஆள் சேதமில்லை. அதற்குப் பின் எந்தத் துளியையும் அவன் மன்னித்ததில்லை.

அத்தகையோன் காத்த கோட்டைக்குள் வந்து நின்றது, உறுமத் தெரியாத, புகை கக்கத் தெரியாத, வெண்பட்டு மேனிகொண்ட முதல் ஹைட்ரஜன் பேருந்து. அதன் சாரதியோ அவன் மனைவியின் தங்கை. ஆறு மாதம் பயிற்சி பெற்ற வீராங்கனை. காலை ஆறு மணிக்கு முதல் ஓட்டம். ஐந்தரைக்கு அவள் வண்டியை உயிர்ப்பித்தாள். ஐந்து முப்பத்திரண்டுக்கு, வெள்ளை அட்டைமீது, அண்டம் நடுங்க, ஒரு சொட்டு விழுந்தது.

மேஸ்திரி பாய்ந்தான். கட்டைவிரலாலும் சுட்டுவிரலாலும் பகைவனைப் பற்றித் தேய்த்தான். பிசுக்கில்லை. முகர்ந்தான். மணமில்லை. விளக்கொளியில் பிடித்தான். நிறமில்லை. குலமும் கொடியும் மறைத்து வந்த இப்படியொரு எதிரியை அவன் கண்டதேயில்லை!

"வண்டி நகரக் கூடாது!" என்று முழங்கினான்.

"அத்தான், அது அப்படித்தான் சொட்டும்!"

"என்கிட்ட எந்த வண்டியும் அப்படிச் சொட்டக் கூடாது!"

"எங்கம்மா முதல் ஸ்டாப்புல வந்து நிக்கிறாங்க. ஆறைத் தாண்டினா எனக்குப் போன் வராது, உங்களுக்குத்தான் வரும்."

மாமியார் என்னும் பெயர் கேட்டு மதில்களே நடுங்கலாம்; மேஸ்திரி நடுங்கவில்லை. சற்றே வியர்த்தான். பின், மலைக்குகைக்குள் புகும் சிங்கமென வண்டிக்கடியில் புகுந்தான். ஸ்பேனர் என்னும் வாள் சுழன்றது; இறுக்க ஒரு நட்டும் அகப்படவில்லை. வாளி என்னும் கேடயம் நீண்டது. சொட்டுகள் அதில் விழுந்து டக் டக்கென்று வெற்றிமுரசு கொட்டின. இறுதியில் தன் பிரம்மாஸ்திரமாம் பழைய துணியைச் சுருட்டி, சொட்டிய குழாயின் வாயில் அடைத்தான்.

சொட்டு நின்றது. வண்டியும் நின்றது. உள்ளே சிவப்பு விளக்கு எரிந்தது.

"மூக்கை அடைச்சா எது உயிரோட இருக்கும்? துணியை எடுங்க அத்தான்!" என்று இறங்கி வந்தாள் சாரதி. "கிளாஸ்ல ஒரு நாளாவது உக்காந்தீங்களா?"

உட்காரவில்லை. எண்ணெயே இல்லாத வண்டிக்கு என்ன பாடம் என்று, வருகைப் பதிவில் கையெழுத்திட்ட கையோடு எழுந்து வந்த மாவீரன் அவன். துணியை உருவினான். அவள் மறுபடி இயக்கினாள், சிவப்பு அணைந்தது. மணி ஐந்து ஐம்பத்து மூன்று.

"ஹைட்ரஜனும் காத்தும் சேந்தா கரண்ட் வரும். மிச்சம் தண்ணி. இது ஒழுகல அத்தான். மூச்சு விடுது."

மேஸ்திரி மீண்டும் மல்லாந்து படுத்தான். டக். நெற்றியில் ஒன்று விழுந்தது, இளஞ்சூடாக இருந்தது. குழாயைத் தொடக்கம்வரை விளக்கடித்துப் பார்த்தான். பிரேக் பக்கம் நான்கு சக்கரங்களுக்கும் போனான். சருகுபோல் உலர்ந்திருந்தன. இரண்டாம் முறையும் போனான். வெளியே அவளுடைய கைபேசி ஒலித்தது. யாரென்று இருவருக்கும் தெரியும், எடுக்கவில்லை.

படிவத்தில் இரண்டே கட்டங்கள்: ‘ஒழுக்கு உண்டு’, ‘ஒழுக்கு இல்லை’. முன்னதில் கை வைத்தால் வண்டி போகாது. பின்னதில் வைத்தால் கண்ணெதிரே விழும் சொட்டைப் பொய்யாக்க வேண்டும். இருபத்தாறு ஆண்டுகளின் கற்புடைப் பேனா காற்றில் நின்றது. பின் இரண்டையும் குறுக்கே அடித்து, ஓரத்தில் ‘மூச்சு விடுகிறது’ என்று எழுதி, கையெழுத்திட்டது.

வாயிற்கம்பம் உயர்ந்தது. ஆறடிக்க ஒரு நிமிடம் இருக்கையில், புகையோ முழக்கமோ இன்றி, கனவு கலைவதுபோல் அவ்வண்டி வீதியேக, மேஸ்திரியின் காலடியில் எஞ்சியது, போர்க்களத்தில் கைப்பற்றிய பகைவரின் குருதியெனத் தளும்பும் கால் வாளித் தண்ணீர்.

அந்தத் தண்ணியிலேயே கை கழுவிக்கொண்டு அவர் டீ குடிக்கப் போனார்.