டாக்டர் ஹார்ட்விக்கின் உள்ளங்கை

எங்கள் டிரெஸ்டன் ஊர்க்காரர்களுக்குச் சாமியும் கிடையாது, பேயும் கிடையாது. கிழக்கு ஜெர்மனியின் பழைய கம்யூனிஸ்ட் ஆட்சியிலேயே இரண்டையும் ஒழித்துவிட்டோம் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்வார்கள். மாதா கோயிலுக்குப் போனாலும் பாட்டுக் கேட்கத்தான் போவார்கள். அப்பேர்ப்பட்ட பகுத்தறிவுச் சிங்கங்கள், நவம்பர் மாதத்து ஞாயிற்றுக்கிழமைக் குளிரில், தோட்டக்காரர் சங்கக் கூடத்தின் வாசலில் வரிசை கட்டி நின்றார்கள். ஆளுக்கொரு சின்னக் குப்பி கையில். குப்பிக்குள் அவரவர் எச்சில்.

உள்ளே டாக்டர் ஹார்ட்விக் அருள்பாலித்துக்கொண்டிருந்தார்.

அருள் என்ற சொல் மட்டும் அவர் வாயில் வராது. அவர் விஞ்ஞானியாம். வெள்ளைக் கோட்டு உண்டு, நுண்ணோக்கி உண்டு, அதில் தெரிவதைச் சுவரில் பெரிதாகக் காட்டும் கருவியும் உண்டு. டாக்டர் பட்டமும் பொய்யில்லை. சர்க்கரைக் கிழங்குச் சாகுபடியின் வரலாற்றை ஆராய்ந்து வாங்கியது. பட்டம் எதில் என்று கேட்பது எங்கள் ஊரில் மரியாதைக் குறைவு.

அவருடைய சரக்கு, துளி. இங்கே துளியைப் பற்றித் தெரியாத ஆள் கிடையாது. அதை ஆராயும் கூடம் ஊருக்குள்ளேயே இருப்பதால் முடிவெட்டுகிறவர்கூடப் பேசுவார். நம் உயிரணுவுக்குள்ளே சில புரதங்களும் ஆர்.என்.ஏ. இழைகளும் ஒன்றுகூடி, சூப்பின் மேல் எண்ணெய் மிதப்பதுபோலத் துளித்துளியாகத் திரளும். சுற்றிலும் சுவர் கிடையாது, தோல் கிடையாது. இரண்டு துளிகள் முட்டினால் ஒன்றாகிவிடும். வேலை முடிந்தால் கரைந்துவிடும். இது உண்மை. சில நரம்பு நோய்களில் இந்தத் துளிகள் கெட்டிப்பட்டுப் போகின்றன என்கிறார்கள். அதிலும் உண்மை இருக்கிறது. ஒரு படி உண்மையில் ஒரு சிட்டிகைப் பொய் கலந்தால் போதாதா? வியாபாரம் அமோகமாக நடந்தது.

எச்சிலில் ஒரு சொட்டு எடுப்பார். ஐஸ் பெட்டியிலிருந்து 'தெளிவு நீர்' ஒரு சொட்டு விடுவார். கண்ணாடிச் சில்லில் இரண்டையும் கலந்து, நுண்ணோக்கிக்கு அடியில் ஒரு குளிர்ந்த தகட்டின் மேல் வைப்பார். சுவரெல்லாம் உருண்டை உருண்டையாகத் துளிகள் தெரியும். எல்லாம் கல்லாய்க் கிடக்கிறது என்பார் டாக்டர். கூட்டம் உச்சுக் கொட்டும். பிறகு சில்லை எடுத்து உள்ளங்கைகளுக்குள் பொத்திக்கொண்டு, கண்ணை மூடி, நீளமாக மூச்சு விடுவார். தகட்டை நகர்த்திவிட்டுச் சில்லை மறுபடி வைத்தால் சுவர் துடைத்து விட்டாற்போலச் சுத்தம். துளிகள் போன இடம் தெரியாது. இதற்குக் கட்டணம் தனி, கைதட்டல் தனி.

முதலில் தட்டியது சங்கத் தலைவி ஷோஹே அம்மாள். சாமானியப்பட்ட பெண்மணி இல்லை. பக்கத்துத் தோட்டத்து வேலி விதியைவிட ஒரு விரல் உயர்ந்தால் அளவுகோலோடு வந்து நிற்பார். ஆதாரம் இல்லாமல் ஒரு வாளித் தண்ணீர்கூடத் தரமாட்டார். அந்த அம்மாள் டாக்டரிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. நுண்ணோக்கியைப் பார்த்ததும் மூளையை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

முன்வரிசையில் லோத்தார் உட்கார்ந்திருந்தார். டிராம் ஓட்டி ஓய்வு பெற்றவர். வலது கை நாளுக்கு நாள் பலம் இழக்கிறது. கோட்டுப் பொத்தான் போடவும் முடியவில்லை. நரம்பு மருத்துவர்கள் நோயின் பெயரைச் சொன்னார்கள். மாத்திரை நோயைக் கொஞ்சம் தள்ளிப்போடும், குணமாக்காது என்று ஒளிக்காமல் சொன்னார்கள். ஹார்ட்விக்கோ மாத்திரைதான் துளியைக் கல்லாக்குகிறது என்றார். மனுஷன் மாத்திரையை நிறுத்திவிட்டார்.

லோத்தாரின் மகள் ஆன்ட்யே. கூத்தைக் கேளுங்கள், அவளுக்கு வேலையே அந்தத் துளி ஆராய்ச்சிக் கூடத்தில்தான். அழுது பார்த்தாள், கத்திப் பார்த்தாள். அப்பா ஒரே போடாகப் போட்டார்.

"நீ பத்து வருஷமா துளியப் பாத்துக்கிட்டேதான் இருக்க. அந்த ஆளு கரைச்சுக் காட்டுறாரு."

அது அவளைச் சுட்டது. அப்பாவுக்காக ஒரு துளியைக்கூட அவளால் கரைக்க முடியவில்லை, அது நிஜம். கடைசியில் ஒரு பந்தயம் கட்டினாள். டாக்டரின் வித்தை உண்மையானால் இனி மாத்திரைப் பேச்சே எடுக்கமாட்டாள். பொய்யானால் அன்றைக்கே அப்பா மாத்திரையை விழுங்க வேண்டும். லோத்தார் சிரித்துக்கொண்டே சரி என்றார்.

ஆன்ட்யே மேடைக்குப் போய் ஒரு குப்பியை நீட்டினாள். நெருங்கின உறவு, நடமாட்டம் இல்லாததால் நேரில் வர முடியவில்லை என்றாள். டாக்டர் கலந்தார், வைத்தார், சுவரைப் பார்த்து அதிர்ந்தார்.

"ஐயோ பாவம். இவ்வளவு முத்தின கேஸ நான் பாத்ததில்ல. எல்லா மாத்திரையையும் இன்னைக்கே நிறுத்தச் சொல்லும்மா."

டாக்டர் சில்லுக்குக் கையை நீட்டினார். ஆன்ட்யே குறுக்கே நின்றாள். அவள் கையில் ஒரு காகிதத் தட்டு. தட்டில், கூடத்து அடுப்படியில் கொதிக்கும் பானையிலிருந்து அப்போதுதான் எடுத்த இறைச்சிச் சாசேஜ் ஒன்று ஆவி பறக்கப் படுத்திருந்தது. சில்லைத் தூக்கி அந்தச் சாசேஜின் முதுகில் வைத்தாள். கண்ணை மூடினாள். டாக்டரைப் போலவே நீளமாக மூச்சு விட்டாள். தகட்டை நகர்த்திவிட்டுச் சில்லைத் திரும்ப வைத்தாள்.

சுவர் பளிச்சென்று இருந்தது. ஒரு துளி இல்லை.

பின்வரிசையில் யாரோ, சாசேஜுக்கும் அந்தச் சக்தி உண்டா என்று நிஜமாகவே கேட்டார். எனக்கு அடிவயிற்றிலிருந்து சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது.

"சக்தியும் இல்ல, ஒண்ணும் இல்ல. சூடுபட்டா கரையும், குளிர்ந்தா திரளும். அவ்வளவுதான்" என்றாள் ஆன்ட்யே. சில்லை மறுபடி குளிர்ந்த தகட்டில் வைத்தாள். போன துளிகள் எல்லாம் சீர்வரிசையோடு திரும்பி வந்தன. "இதுவரைக்கும் குணமானவங்க அத்தன பேருக்கும் இதேதான்."

உறவுக்காரர் யார் என்று ஷோஹே அம்மாள் கேட்டார். ஆன்ட்யே பைக்குள் கைவிட்டு அவரை வெளியே எடுத்தாள். அரைப் புட்டி பீர்.

சபை குலுங்கியது. ஆனால் டாக்டர் லேசுப்பட்டவரா? பீரிலும் ஈஸ்ட் இருக்கிறது, ஈஸ்ட்டும் உயிர்தான், அதற்கும் நோய் வரும் என்று ஒரு போடு போட்டார். நாலைந்து தலைகள் ஆமாம் என்று ஆடவும் செய்தன. என்னத்தைச் சொல்ல!

அப்போதுதான் வீட்டுக்கு அனுப்பிய மூளை ஷோஹே அம்மாளிடம் திரும்பி வந்தது. வேலி அளக்கும் முகத்தோடு எழுந்து மேடைக்கு நடந்தார்.

"எச்சிலும் வேணாம், பீரும் வேணாம். உங்க தண்ணிய மட்டும் வைங்க, டாக்டர். நான் பாக்கணும்."

டாக்டர் வைக்கவில்லை. அந்த அம்மாளே வைத்தார். யாருடைய உயிரணுவும் இல்லாத வெறும் தெளிவு நீர், சுவர் கொள்ளாமல் துளிகள். முட்டையின் வெள்ளைக்கருவிலிருந்து எடுத்த ஒரு புரதமும் உப்பும்தான் அந்த மகா மருந்து என்று ஆன்ட்யே சொன்னாள். டாக்டர் மறுக்கவில்லை. மறுக்க ஆள் அங்கே இல்லை. கோட்டை நாற்காலியில் விட்டுவிட்டுப் பின்வாசல் வழியாக நழுவியிருந்தார்.

லோத்தார் மட்டும் சிரிக்கவில்லை. தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப எனக்கு வைத்தியம் ஒண்ணும் இல்லையாம்மா?"

ஆன்ட்யே அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். "குணப்படுத்த இன்னும் ஒண்ணும் கண்டுபிடிக்கலப்பா. தேடிக்கிட்டிருக்கோம். மாத்திரை கொஞ்ச நாளக் கூட்டித் தரும். அந்தக் கொஞ்ச நாள் எனக்கு வேணும்."

அவர் இடது கையை நீட்டினார். மகள் மாத்திரையை வைத்தாள். தண்ணீரோடு விழுங்கினார். அடுத்து அந்தத் தட்டைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார்.

"எனக்கு வைத்தியம் பாத்த டாக்டர்ங்கள்லயே இந்த ஒருத்தர்தான் ருசியா இருக்காரு" என்று சாசேஜைக் கடித்தார்.

வெளியே இன்னும் வரிசை நின்றது. டாக்டர் எப்போது திரும்பி வருவார் என்று ஒருவர் குப்பியும் கையுமாக என்னைக் கேட்டார். அவர் தோட்டத்து வேலியை நான் அறிவேன். அரை விரல் கூடுதலாக வளரவிடமாட்டார். அவரிடம் சொன்னேன்: "ஐயா, வேலிக்கு ஒரு அளவுகோல் வச்சிருக்கீங்களே, அதத் தலைக்குள்ள போற சங்கதிக்கும் ஒரு தடவ வச்சுப் பாருங்க."